370இசட்டுக்குப் புதுக் கிளச்: ஸ்டாக் மாதிரியா, ஸ்டேஜ் 3ஆ?

ஸ்காபரோ_இசட்:
வணக்கம். என்ர 2012 நிசான் 370இசட், ஆறு கியர் மனுவல், 1,40,000 கிலோமீற்றர் ஓடியாச்சு. போன கிழமை 401 ஹைவேயில ஆறாம் கியரில அமத்தேக்க ஆர்பிஎம் ஏறுது, கார் வேகம் எடுக்கேல்லை. கிளச் தேய்ஞ்சு போச்சு. ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போறது இதிலதான், காலமை ஒரு மணித்தியாலம் நெரிசல். வருசத்தில ரெண்டு தரம் ரேஸ் டிராக்கில ஓடுவன். கராஜில ஸ்டேஜ் 3 எண்டு கூடின பவருக்கு விக்கிற கிளச்சும், பாரம் குறைஞ்ச ஃப்ளைவீலும் (கிளச் பிடிக்கிற, இன்ஜினோட சுத்துற சில்லு) போடச் சொல்லினம். ஸ்டாக், அதாவது காரோட வந்தது மாதிரி ஒண்டு காணாதோ?

டர்போ_தம்பி:
கராஜ்ல சொல்றது சரி ப்ரோ. கியர்பாக்ஸ இறக்கற கூலிதான் பெரிய செலவு, அதனால ஒரு தடவை இறக்கும்போதே நல்லதா போட்டு மூடிடுங்க. ஸ்டாக்ல வர்றது டூயல் மாஸ் ஃப்ளைவீல், நடுவுல ஸ்பிரிங் வச்ச ரெண்டு துண்டு; விலையும் ஜாஸ்தி, லேத்துல கொடுத்து முகத்தைச் சீவவும் முடியாது. கராஜ்ல சொல்ற பாரம் குறைஞ்சது சிங்கிள் மாஸ், ஒரே துண்டு, அதைச் சீவி மறுபடி போடலாம். கியரைக் குறைக்கும்போது இன்ஜின் ஆர்பிஎம் சட்டுனு ஏறும். நாளைக்கு பவர் கூட்ட சூப்பர்சார்ஜர் மாட்டினாலும் திரும்ப இறக்க வேண்டாம்.

கிரீஸ்_கை:
தம்பி, என்னைக்கோ வரப்போற சூப்பர்சார்ஜரை நெனச்சு இன்னிக்குக் கிளச் வாங்கக் கூடாது. கிளச் எவ்வளவு டார்க் (இன்ஜினோட சுத்து விசை) தாங்கும்ங்கறது லைனிங்கோட உராய்வு, கிளச் பிளேட்டை ஃப்ளைவீலோட அமுக்கற பிரஷர் பிளேட்டோட அழுத்தம், பிளேட்டோட ஆரம், எத்தனை முகம் பிடிக்குது, இதுலதான் இருக்கு. ஒத்த பிளேட்லயே நிக்கறதுன்னா ஆரத்தைக் கூட்ட இடமில்ல. அழுத்தத்தைக் கூட்டினா பெடல் கனக்கும், உராய்வைக் கூட்டினா வெடுக்குனு பிடிக்கும். ஸ்டேஜ் 1, 2, 3ன்னு பொது அளவு எதுவும் கிடையாது, ஒவ்வொரு கம்பெனியும் தானா வச்சுக்கிட்ட பேரு. எத்தனை நியூட்டன் மீட்டர் தாங்கும்னு கேளுங்க. உங்க இன்ஜின் தர்றதே 366தான். 450, 500 தாங்கற ஆர்கானிக் பிளேட், ஸ்டாக் மாதிரி நார் லைனிங் போட்டது, தாராளம்.

இன்னொண்ணு. பெடலை மிதிச்சா ஃப்ளூயிட் அழுத்தத்துல கிளச்சை விடுவிக்கற ஸ்லேவ் சிலிண்டர் இந்த வண்டியில வெளியே இல்ல, கியர்பாக்ஸ் கூண்டுக்குள்ள இன்புட் ஷாஃப்டைச் சுத்தி உட்கார்ந்திருக்கு. பிரஷர் பிளேட்டோட அழுத்தம் கூடினா அந்தச் சுமை ஸ்லேவோட சீல் மேல வரும். பழைய ஸ்லேவை அப்படியே விட்டு கிளச் மட்டும் மாத்தின ஒரு வண்டி என்கிட்ட வந்துச்சு. கூண்டுக்கு அடியில ஃப்ளூயிட் சொட்டுது, பெடல் தரையோட ஒட்டிக்கிச்சு, புது பிளேட் நனைஞ்சு வீணாப் போச்சு. அந்த மனுஷன் ரெண்டு தடவை கூலி கொடுத்தார்.

டர்போ_தம்பி:
ஸ்லேவ் விஷயம் ஒத்துக்கறேன் அண்ணே. ஆனா அவர் டிராக்குக்கும் போறாரே? சூட்டைத் தாங்கறது அந்த ஸ்டேஜ் 3 மாதிரி செராமிக் லைனிங் போட்ட பிளேட்தான். என் வண்டியில ரெண்டு வருஷமா அதுதான் ஓடுது, கால் ஒரே வாரத்துல பழகிடுச்சு.

மார்க்கம்_அக்கா:
தம்பி, அதைப் போட்டுப் பட்டவள் நான். அரைக் கிளச் எண்ட ஒண்டே இல்லை. ஒண்டில் நிக்கும், இல்லாட்டிப் பாயும். நிலக்கீழ் பார்க்கிங் ஏத்தத்தில பின்னுக்கு ஒரு காரை வச்சுக்கொண்டு எடுக்கேக்க முழுக் காரும் உதறும். ஆறு மாசத்தில கழட்டினன். ஃப்ளைவீலில நீலப் பொட்டுகள், நகம் மாட்டுப்படுற அளவுக்கு வட்டக் கீறல்.

சிங்கிள் மாஸ் ஃப்ளைவீலும் போட்டிருந்தன். நியூட்ரலில நிக்கேக்க தகரப் பேணிக்குள்ள கச்சான் போட்டுக் குலுக்கின சத்தம், கிளச்சை மிதிச்சால் நிண்டிடும். டூயல் மாஸுக்குள்ள இருக்கிற ஸ்பிரிங்தான் இன்ஜினின்ர அதிர்வை வாங்கிறது. அதை எடுத்தால் கியருகள் ஒண்டோடொண்டு தட்டுப்படும்.

டர்போ_தம்பி:
அந்தச் சத்தத்தால கியருக்கு ஒண்ணும் ஆகாது அக்கா.

மார்க்கம்_அக்கா:
ஆகாதுதான். ஆனால் ஒவ்வொரு சிக்னலிலயும் நிண்டு கேக்கிறது நான் எல்லோ.

கிரீஸ்_கை:
டிராக்ல கிளச் முழுசாப் பிடிச்சபடியேதான் ஓடுது, வழுக்கறது கியர் மாத்தற நொடி மட்டும். கிளச்சைச் சுடறது நின்னு நின்னு எடுக்கறதுதான். இவர் வண்டிக்கு 401தான் கஷ்டம், டிராக் இல்ல.

டர்போ_தம்பி:
நேர்கோட்டுல பாயற டிராக் (drag) ரேஸ் மாதிரி 5,000 ஆர்பிஎம்ல கிளச்சை விட்டு எடுக்கறவங்களுக்கு அது பொருந்தாது, நான் அப்படித்தான் எடுக்கறேன். இவர் எடுக்க மாட்டார்னா ஆர்கானிக் போடட்டும். ஃப்ளைவீல்ல என் கருத்து மாறல, டூயல் மாஸ் காசுக்குக் கேடு.

ஸ்காபரோ_இசட்:
முடிவெடுத்திட்டன். ஆர்கானிக் பிளேட், நடுவில ஸ்பிரிங் இருக்கிறது. டூயல் மாஸ் ஃப்ளைவீல் புதுசு. தம்பி சொன்ன மாதிரி காசு கூடத்தான், ஆனால் பிள்ளையை நித்திரையோட கூட்டிக்கொண்டு வாற கார், அந்தச் சத்தம் வேண்டாம். ஸ்லேவ் அலுமினியத்தில எடுக்கிறன். வேற என்ன மாத்தச் சொல்லுறியள் அண்ணை?

கிரீஸ்_கை:
பைலட் புஷ் (இன்புட் ஷாஃப்ட் முனையைத் தாங்கறது), ஃப்ளைவீல் போல்ட் ரெண்டும் புதுசு போடச் சொல்லுங்க. திறந்திருக்கும்போதே இன்ஜின் கிராங்க் ஷாஃப்டோட பின்பக்க எண்ணெய் சீலைச் சுத்தி விரலால தடவிப் பாருங்க, எண்ணெய் ஈரம் இருந்தா அதையும் மாத்திடுங்க. மாட்டினதும் முதல் 800 கிலோமீட்டருக்கு ஊருக்குள்ளயே மெதுவா ஓட்டுங்க, ஃபுல் த்ராட்டில் வேண்டாம். ஹைவேயில மட்டும் ஓட்டினா கிலோமீட்டர்தான் ஏறும், பிளேட் பதியாது.