கோடையில் நெல்லா, உளுந்தா? காவிரி டெல்டாவின் மூன்றாம் போகம்

வெண்ணாற்றுக்கரை:
வணக்கம். சம்பா அறுவடைக்குப் பிறகு என்ன போடுவது என்று எங்கள் உழவர் குழுவில் இரண்டு கட்சி. போர் (ஆழ்துளைக் கிணறு) வைத்திருப்பவர்கள் கோடை நெல் என்கிறார்கள்: அரிசி குறையக்கூடாது, கொள்முதலும் உறுதி. மற்றவர்கள் நிலத்தடி நீர் இறங்குகிறது, உளுந்துதான் சரி என்கிறார்கள். விளைச்சலும் குறையாமல் மண்ணும் நீரும் நிலைக்க எப்படித் திட்டமிடலாம்?

பயறுவயல்:
அரிசியைக் குறுவையும் சம்பாவும் தாங்கட்டும். மூன்றாம் போகத்தைப் பயறுக்கு விடுங்கள். நெல்லுக்கு ஏறத்தாழ 1,200 மி.மீ. தண்ணீர் வேண்டும். நெல் தரிசு உளுந்து, அதாவது நெல்லை அடுத்து அதே வயலில் விடும் உளுந்து, மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலும் பனியிலுமே வந்துவிடும்.

எல்லாம் விதைக்கும் நாளில்தான் இருக்கிறது. கை அறுவடையானால் 5 முதல் 10 நாள் முன்பு, மண் மெழுகு பதத்தில் இருக்கும்போது, நிற்கும் நெற்பயிருக்குள் ஏக்கருக்கு 10 கிலோ தெளியுங்கள். தண்ணீர் நின்றால் விதை அழுகும். மண் வெடிக்கத் தொடங்கினால் முளைக்காது. இயந்திர அறுவடையில் பத்து நாள் முன்பே தெளித்தால் முளைத்த செடியை வண்டி நசுக்கிவிடும். அறுப்பை ஒட்டியே தெளியுங்கள். வைக்கோல் திட்டுத் திட்டாகக் கிடந்தால் அந்த இடமெல்லாம் சொட்டையாகும், உடனே அப்புறப்படுத்துங்கள்.

பூக்கும்போதும், 15 நாள் கழித்தும் 2 சத டிஏபி உரக் கரைசல். 4 கிலோவை முதல் நாள் மாலையே 10 லிட்டரில் ஊறவைத்து, தெளிவை மட்டும் வடித்து 190 லிட்டரில் கலந்து மாலை வேளையில் அடிக்கவும். கசடு போனால் நாசில் அடைக்கும். மஞ்சள் தேமல் நோய் கண்ட செடியை உடனே பிடுங்குங்கள். வெள்ளை ஈ அதை வயல் முழுக்கப் பரப்பிவிடும்.

கடைமடை:
உளுந்து தோற்பதற்கு விதை நெல் தேர்வும் காரணம். சிஆர் 1009 போன்ற நீண்ட கால ரகத்தைத் தாமதமாக விட்டால் அறுப்பு மாசிக்குத் தள்ளிப்போகும், ஈரம் போய்விடும். ஆகவே பயறுத் திட்டம் ஆவணியிலேயே தொடங்குகிறது. கடலோரத்தில் கோடைக்குப் போர் தண்ணீர் இறைத்தால் உப்பு ஏறும், அங்கே நெல் வேண்டவே வேண்டாம். உளுந்துக்குப் பின் கோடை மழை கிடைத்தால் பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டை ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழுங்கள். குறுவைக்குத் தழைச்சத்து மிச்சம்.

நீர்க்குழாய்:
இருவரும் சொல்வது சரி. ஆனால் விலையை விட்டுவிட்டுப் பேச முடியாது. நெல்லுக்குக் கொள்முதல் நிலையம் ஊர் அருகில் இருக்கிறது. உளுந்துக்கு வரத்து கூடியதும் வியாபாரி விலையை இறக்குவார். குழுவாகக் காயவைத்து, சலித்து, ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மொத்தமாகப் போட ஏற்பாடு இல்லாவிட்டால், அடுத்த ஆண்டே எல்லோரும் நெல்லுக்குத் திரும்பிவிடுவார்கள்.

கோடை நெல் போட்டே தீருவேன் என்பவர்கள் காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் காயவிட்டுக் காயவிட்டு நீர் பாய்ச்சியாவது, செய்யட்டும். 30 செ.மீ. பிவிசி குழாயின் கீழ்ப்பாதியில் துளையிட்டு, அந்தப் பாதியை மட்டும் மண்ணில் இறக்கி, உள்ளே இருக்கும் மண்ணை அள்ளிவிடுங்கள். நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் 5 செ.மீ. உயரத்துக்குப் பாய்ச்சுங்கள். நட்டு இரண்டு வாரம் கழித்துத் தொடங்கினால் போதும், அதற்குமுன் காயவிட்டால் களை முந்திக்கொள்ளும். பூக்கும் காலத்துக்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் காயவிடவே கூடாது, பதர் விழும்.