கன்வர்ட்டிபிள் பார்க்கப் போகிறீர்களா? மழை நாளில் போங்கள்

நுவரெலியா

கண்டியில் இருக்கும் அத்தான் சொகுசான திறந்த கார் ஒன்று வாங்க வேண்டும் என்று சொன்னதிலிருந்து, விற்பனைக்கு வந்த கன்வர்ட்டிபிள்களை அவரோடு சேர்ந்து நானும் பார்த்துக்கொண்டு வருகிறேன். அவருக்கு வேகம் முக்கியமில்லை. அக்காவுக்கு முதுகுவலி. கண்டியிலிருந்து இங்கே வந்து போகும்போது அவருக்கு அலுப்புத் தெரியக்கூடாது, வெயில் அடிக்கும் நாளில் கூரையைத் திறந்துகொண்டு வர வேண்டும், அவ்வளவுதான் கேட்டார். இதே எண்ணத்தில் இருப்பவர்களுக்கு உதவும் என்று நான் பார்த்ததை எழுதுகிறேன். நீங்களும் ஊர் பெயரை மேலே போட்டு உங்கள் அனுபவத்தைச் சேர்த்துவிடுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் இந்தக் கார்களின் கூரை பெரும்பாலான நேரம் மூடித்தான் இருக்கும். பகல் பன்னிரண்டு தாண்டினால் மூட்டம், பின்னேரம் மழை, இரவில் குளிர். அதனால் கூரையை மூடி, மழையில், குண்டும் குழியுமான ரோட்டில் எப்படி இருக்கிறது என்பதுதான் உண்மையான பரீட்சை. விற்பவர்கள் எப்போதும் வெயில் நாளில் வரச்சொல்லி, கூரையைத் திறந்து வைத்துத்தான் காட்டுகிறார்கள். அந்த அழகில் மனம் மயங்கிவிடும். மழை நாள் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.

நாங்கள் முதலில் பார்த்தது பிஎம்டபிள்யூ 3 வரிசையில் 2007 முதல் 2013 வரை வந்த கன்வர்ட்டிபிள். உலோகக் கூரை மூன்று துண்டாக மடிந்து டிக்கிக்குள் போய்விடும். மூடினால் கூரை திறக்காத சாதாரண இரண்டு கதவுக் கார் (கூப்பே) போலவே அமைதி. குளிர் உள்ளே வராது, துணிக்கூரையில் பாசி பிடிக்குமே என்ற கவலையும் இல்லை. ஆனால் கூரை உள்ளே போனதும் டிக்கியில் இடம் 350 லீற்றரிலிருந்து 210 ஆகிவிடுகிறது. இரண்டு பேர் இரண்டு நாள் தங்கப் போகும் பைகளை வைத்துவிட்டுக் கூரையைத் திறக்க முடியாது. எடையும் அதிகம். மேலே கூரை இல்லாத குறையைத் தரைத்தட்டையும் பக்கச் சட்டங்களையும் பலப்படுத்தித்தான் ஈடுகட்டுகிறார்கள். அந்த எடையோடு கூரை மோட்டார், ஹைட்ரோலிக் எல்லாம் சேர்கிறது. அதற்கு மேல் ரன்ஃப்ளாட் டயர். காற்றுப் போனாலும் கொஞ்சத் தூரம் ஓட்டலாம் என்பது நல்ல விஷயந்தான், ஆனால் பக்கச்சுவர் கடினம் என்பதால் தோட்டத்து ரோட்டில் ஒவ்வொரு கல்லும் முதுகில் தெரிகிறது. அக்கா ஒரு தடவை ஏறி இறங்கியதுமே வேண்டாம் என்றுவிட்டார்.

அப்புறம் லெக்சஸ் எஸ்சி 430. 2001 முதல் 2010 வரை தயாரித்தார்கள். ஜப்பானில் 2005 வரை டொயோட்டா சோரர் என்ற பெயரில் விற்றது. முன்சீட்டில் உட்கார்ந்தால் எழும்ப மனமே வராது. 4.3 லீற்றர் வி8 என்ஜின் வேலை செய்வதே காதில் விழாது. மரவேலை, தோல் எல்லாம் இத்தனை வருடம் கழித்தும் அப்படியே இருந்தன. ஆனால் பின்சீட் பேருக்குத்தான், அதில் பையைத்தான் வைக்கலாம். ஏற்றத்தில் பெற்றோல் குடிப்பதைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. இரண்டு பேர் மட்டும் போகிறவர்களுக்கு, செலவைப் பற்றி யோசிக்காதவர்களுக்கு, அருமையான வண்டி. அத்தானின் குடும்பத்துக்கு அது ஒத்துவராது.

மனதுக்குப் பிடித்தது பென்ஸ் இ-கிளாஸ் கன்வர்ட்டிபிள்தான், 2010 முதல் 2017 வரை வந்த ஏ207 என்ற மொடல். பெயர் இ-கிளாஸ் என்றாலும் அடித்தளம் அந்தக் காலத்துச் சி-கிளாஸ். இதைத் தெரிந்துகொண்டு விலை பேசுங்கள். துணிக்கூரை பல அடுக்காக இருப்பதால் மூடியதும் சத்தம் நன்றாகக் குறைகிறது. 20 வினாடியில் திறக்கும், 40 கிலோமீற்றர் வேகம் வரை ஓடும்போதே திறக்கலாம், மூடலாம். ரம்பொடைப் பக்கம் திடீரென்று தூறல் விழும்போது நிறுத்த இடமில்லாத வளைவில் இது எவ்வளவு பெரிய உதவி என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும். முன்கண்ணாடிக்கு மேலே ஒரு பட்டை எழும்பிக் காற்றைத் தலைக்கு மேலே தள்ளிவிடுகிறது. சீட்டின் கழுத்துப் பகுதியிலிருந்து சூடான காற்று வரும் வசதி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள், எல்லா வண்டியிலும் இல்லை. காலைப் பனியில் கிரகரி வாவியைச் சுற்றி, கூரை திறந்தபடி, கழுத்தில் மட்டும் அந்தச் சூடு படப் போவது எவ்வளவு சுகம்!

இனிப் பார்க்க வேண்டிய விஷயங்கள். தண்ணீரில்தான் தொடங்க வேண்டும். கூரைக்குப் பின்னால், டிக்கி மூடிக்கு முன்னால் தண்ணீர் வடியக் கான் மாதிரி ஒரு வாய்க்கால் போகும். இரண்டு பக்கமும் குழாய் வழியாகக் கீழே வடிய வேண்டும். நுவரெலியாவில் சைப்பிரஸ் மரத்துக்குக் கீழே நிறுத்திவைத்த வண்டிகளில் அந்தப் பொடி இலைகள் போய் அடைத்துவிடுகின்றன. அடைத்தால் தண்ணீர் உள்ளே திரும்பி, கால் மிதிக்கும் இடத்துக்கோ டிக்கியின் அடிக்கோ போகும். கூரையின் ஹைட்ரோலிக் பம்ப்பும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் பல கார்களில் அங்கேதான் இருக்கின்றன. ஒரு போத்தல் தண்ணீரை மெதுவாக வாய்க்காலில் ஊற்றிப் பாருங்கள். கீழே வடிந்தால் சரி. வடியாவிட்டால் கார்ப்பெட்டைத் தூக்கி அடிப்பஞ்சை அழுத்திப் பாருங்கள். மேலே காய்ந்திருக்கும், அடியில் ஈரம் நிற்கும். வாசனைத் திரவியம் அளவுக்கு மீறி மணந்தாலும் சந்தேகப்பட வேண்டும்.

கூரையை ஒரே ஒரு தடவை திறந்து காட்டினால் போதாது. என்ஜின் ஓடும்போது பல தடவை திறந்து மூடச் சொல்லுங்கள். இடையில் தயங்குகிறதா, ஒரு பக்கம் முந்துகிறதா என்று வெளியே நின்று பாருங்கள். பழைய பென்ஸ் சிஎல்கே போன்றவற்றில் கூரையின் முன்பூட்டுக்கான ஹைட்ரோலிக் சிலிண்டர் கசிந்து, பின்னால் பார்க்கும் உள்கண்ணாடிக்கு மேலே எண்ணெய்க் கறை தெரியும். கறை இருந்தால் விலையில் அதைச் சேர்த்துப் பேசுங்கள். துணியும் பின்கண்ணாடியும் ஒட்டிய ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். அந்த ஒட்டு விட்டுப்போனால் சில்லறை வேலையில் முடியாது. பின்கண்ணாடியைச் சூடாக்கும் கம்பிகள் வேலை செய்ய வேண்டும், மூட்டத்தில் அது இல்லாமல் ஓட்டுவது ஆபத்து.

உடல் உறுதியைப் பார்க்க நல்ல காபட் ரோட்டில் ஓட்டிப் பயனில்லை. ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறும்படி மெதுவாகக் கோணலாகப் போங்கள். உள்கண்ணாடி நடுங்கும், முன்தூண் பக்கம் கிறீச்சென்று சத்தம் வரும். கொஞ்சம் நடுங்குவது எல்லாக் கன்வர்ட்டிபிளிலும் உண்டு. கதவு இறுக ஆரம்பித்தாலோ, கதவுக்கும் பின்பக்கத் தகட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லாவிட்டாலோ, அடிபட்டு டிங்கரிங் செய்த வண்டியாக இருக்கலாம். கூரை உள்ள காரைவிட இதில் அது மோசமான செய்தி, ஏனென்றால் முழுப் பலமும் கீழேதான் இருக்கிறது.

கடைசியாகப் பிரேக். நுவரெலியாவின் 1,868 மீற்றர் உயரத்திலிருந்து ரம்பொடை வழியாக இறங்கிப் பாருங்கள். எடை கூடிய வண்டி, கியரைக் குறைத்துப் பிடிக்காமல் பிரேக்கிலேயே ஓட்டிய கையிலிருந்து வந்திருந்தால், அழுத்தும்போது ஸ்டியரிங் நடுங்கும்.

கம்பளை

அண்ணன் சொன்ன தண்ணீர் விஷயத்தில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது எங்கள் ஊரில் மகாவலி எவ்வளவு உயரத்துக்கு வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். வீட்டையும் ஆட்களையும் இழந்தவர்களின் துயரத்துக்கு முன்னால் வாகனம் பெரிய விஷயமில்லை. ஆனாலும் அந்த வெள்ளத்தில் நின்ற வாகனங்கள் துடைத்து, பொலிஷ் போட்டு விற்பனைக்கு வருகின்றன.

நான் பார்க்கப் போன கன்வர்ட்டிபிளின் சொந்தக்காரர், வண்டி ஷெட்டை விட்டு வெளியே வரவேயில்லை என்று சொன்னார். முன்சீட் பெல்ட்டை முழுவதுமாக இழுத்துப் பார்த்தேன். கடைசி முழத்தில் மண்ணிறக் கோடு. சீட்டை முன்னே தள்ளி, கீழே டோர்ச் அடித்தால் சீட் நகரும் தண்டவாளத்து ஆணிகளில் புதுத்துரு. சீட்டுக்குக் கீழே போகும் வயர் சொக்கட்டைக் கழற்றிப் பார்க்க விடவில்லை. அதற்கு மேல் பேசவில்லை, வந்துவிட்டேன்.

சாதாரண கார் வெள்ளத்தில் நின்றால் என்ஜினைப் பற்றித்தான் கவலைப்படுவோம். இதில் கூரை பம்ப், சீட் சூடாக்கி, கவிழ்ந்தால் பின்னால் எழும்பும் பாதுகாப்புக் கம்பி என்று பல விஷயங்கள் தாழ்வாகவே இருக்கின்றன. இன்று வேலை செய்யும், ஆறு மாதத்தில் சொக்கட்டுகள் பச்சை பிடித்து ஒவ்வொன்றாக நிற்கும். கராஜில் ஸ்கேன் போட்டுப் பாருங்கள். அதை மட்டும் நம்பாமல் உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் பாஸ் ஒருவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள்.

ஹட்டன்

எங்கள் அப்பா தோட்டத்தில் பெரிய துரைக்கு டிரைவராக இருந்தவர். திறந்த மொரிஸ் மைனரில் துரையையும் துரைசானி அம்மாவையும் ஏற்றிக்கொண்டு கிளப்புக்குப் போன கதையை நிறையச் சொல்லியிருக்கிறார். மழை வந்தால் இறங்கி நின்று கையால்தான் ஹூட்டை இழுத்து மூட வேண்டும். துரை உள்ளே இருப்பார், அப்பா நனைவார். இன்றைக்குப் பொத்தானை அழுத்தினால் 20 வினாடியில் மூடுகிறது என்று படிக்கும்போது அப்பா ஞாபகம்தான் வருகிறது.

நான் சொல்ல வந்தது பின்சீட்டைப் பற்றி. நான்கு பேர் உட்காரலாம் என்று விற்பார்கள். நண்பர் ஒருவரின் ஆவ்டி ஏ5 கன்வர்ட்டிபிளில் தலவாக்கலை வரை பின்னால் உட்கார்ந்து போனேன். சென்கிளயர் நீர்வீழ்ச்சியைக் கூரை இல்லாமல் பார்த்தது மறக்க முடியாத காட்சி, அதை மறுக்கவே மாட்டேன். ஆனால் 60 கிலோமீற்றரைத் தாண்டியதும் காற்று பின்னாலிருந்து சுழன்று முகத்தில் அடிக்கிறது. காற்றுத் தடுப்பு வலையைப் போட்டால் முன்னால் இருப்பவர்களுக்கு நல்லது, ஆனால் அந்த மாதிரி வண்டிகளில் வலை பின்சீட்டுக்கு மேலேயே விரிகிறது, அங்கே ஆள் உட்கார முடியாது. வயதான அம்மாவைப் பின்னால் ஏற்றுவதாக இருந்தால் முதலில் அவரையே ஏற்றி இறக்கிப் பாருங்கள். இரண்டு கதவு வண்டி, கதவு நீளம். கடைத்தெருவில் இரண்டு வாகனத்துக்கு நடுவில் நிறுத்தினால் பாதிதான் திறக்கும்.

ஏற்றத்தில் லொறிக்குப் பின்னால் மாட்டினால் கூரையை மூடிவிடுங்கள். அந்தக் கரும்புகை முழுக்க நம் மடியில்தான் விழும்.

பண்டாரவளை

புதிது வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த ஐந்து வருட இடைவெளியால் நாட்டில் உள்ள பழைய கன்வர்ட்டிபிள்கள் எல்லாமே வயதானவை, ஆனால் விலை அதற்கேற்ப இறங்கவில்லை. பத்து வருட வண்டிக்குக் கேட்கும் விலையைப் பார்த்து, இதற்குப் புதிதே வாங்கலாமே என்று தோன்றும். ஆனால் என்ஜின் கொள்ளளவை வைத்துத்தான் உற்பத்தி வரி கூடுகிறது, அதற்கு மேல் மற்ற வரிகள். கணக்குப் போட்டால் வெளிநாட்டு விலை பல மடங்காகிவிடும்.

இப்போது புதிதாகப் பார்க்க வேண்டியவை என்றால் பிஎம்டபிள்யூ 4 வரிசையும் பென்ஸ் சிஎல்இயும். பிஎம்டபிள்யூ உலோகக் கூரையை விட்டு 2020க்குப் பிறகு துணிக்கூரைக்குத் திரும்பிவிட்டது. 10 வினாடியில் திறக்கிறது, 50 கிலோமீற்றர் வேகம் வரை இயக்கலாம். பென்ஸ் முன்பு சி-கிளாஸ், இ-கிளாஸ் என்று தனித்தனியாக விற்ற கன்வர்ட்டிபிள் இரண்டுக்கும் பதிலாகத்தான் சிஎல்இயைக் கொண்டுவந்தது. கொழும்பில் உறவினர் ஒருவர் எடுத்த சிஎல்இயில் ஹப்புத்தளை வரை வந்தேன். பெரகலை ஏற்றத்தில் கதவுக் கண்ணாடி ஏற்றி, கூரை திறந்து, சாதாரணக் குரலில் பேசிக்கொண்டே வந்தோம். வசதியைப் பொறுத்தவரை பழைய வண்டிகள் கிட்ட வர முடியாது.

ஆனாலும் மலையில் நிரந்தரமாக இருப்பவர் புதிது எடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். கூரையில் ஒரு சென்சர் பிசகினாலும் கொழும்புக்கு இறக்க வேண்டும். ஒக்டேன் 95 எங்கள் பக்கம் எல்லாப் பெற்றோல் செட்டிலும் எப்போதும் கிடைப்பதில்லை. தரை உயரமும் குறைவு. அந்தக் காசில் நல்ல நிலையில் உள்ள பழையதை எடுத்து, மிச்சத்தைப் பராமரிப்புக்கென்று வங்கியில் போடலாம்.

நுவரெலியா

எல்லோருக்கும் நன்றி. கம்பளைத் தம்பி சொன்னபடி பெல்ட்டை இழுத்துப் பார்த்தோம், சுத்தமாக இருந்தது. ஹட்டன் அண்ணன் சொன்ன பிறகு அக்காவின் மாமியாரையே கூட்டிக்கொண்டு போய் ஏற்றிப் பார்த்தோம். பின்சீட் அவருக்குச் சரிவராது, முன்சீட்டில் உட்கார்ந்தால் பிரச்சினையில்லை. அத்தான் அந்த ஏ207ஐயே எடுப்பதாக முடிவு செய்துவிட்டார். டயர் நான்கும் மாற்ற வேண்டும், வடிகுழாய் ஒரு பக்கம் மந்தமாக வடிகிறது. இரண்டையும் விலையில் கழிக்கச் சொல்லியிருக்கிறோம். சொந்தக்காரர் ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்வார்.

ஒரு உதவி. இங்கே பனியில் துணிக்கூரை காய்வதே கஷ்டம். ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால் காய்ந்த பிறகுதான் மடிக்கச் சொல்லியிருக்கிறேன். கண்டிப் பக்கம் ஹூட் துணியை முறையாகக் கழுவி, நீர் ஒட்டாத பூச்சுப் போட்டுத் தருகிறவர்களை யாருக்காவது தெரியுமா? தையல் விட்ட இடத்தைத் தைக்கவும் தெரிந்திருந்தால் இன்னும் நல்லது.