கார்ப் பித்து பிள்ளைகளைக் காக்குமா, கவிழ்க்குமா?

அச்சாணி எழுதியது:

பதின்பருவப் பிள்ளைகளிடம் கார் ஆசையை மூட்டும் பெற்றோர், தெரிந்தோ தெரியாமலோ அவர்களை விபத்தை நோக்கித் தள்ளுகிறார்கள் என்று வேறோர் இழையில் நண்பர் நடைபாதை எழுதியிருந்தார். அங்கே பேச்சு வேறு பக்கம் போய்விட்டதால் இதற்கெனத் தனி இழை தொடங்குகிறேன். என் கருத்து அதற்கு நேர்மாறானது: வண்டியின் உள்ளே நடப்பதை ஆசையோடு கற்றுக்கொண்ட பிள்ளைக்குத்தான் அந்த வண்டியால் எது முடியாது என்பதும் தெரியும்.

என் மகளுக்கு உரிமம் பெறும் வயது இன்னும் ஆகவில்லை. ஆனாலும் டயரின் பக்கவாட்டில் 2319 என்று கண்டால், அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று சொல்லிவிடுவாள். காற்றழுத்தத்தை வண்டி ஓடிச் சூடேறுவதற்கு முன்பே பார்க்க வேண்டும் என்பதும், டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்துவிட்டால் பல நாடுகளில் அது சட்டப்படி செல்லாது என்பதும் அவளுக்குத் தெரியும். ஒரு டன்னுக்கு மேற்பட்ட எடை நான்கு உள்ளங்கை அகல ரப்பரை நம்பித்தான் சாலையில் நிற்கிறது என்று உணர்ந்த பிள்ளையிடம், மழைநாளில் வேகத்தைக் குறை என்று யாரும் அதட்ட வேண்டியிராது.

நடைபாதை எழுதியது:

என்னைக் குறிப்பிட்டு அழைத்திருப்பதால் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன். டயரைப் படிக்கத் தெரிவது நல்லதுதான். அதில் எனக்கு வழக்கில்லை. திறமை கூடினால் நிதானமும் கூடும் என்ற உங்கள் அடிப்படையைத்தான் மறுக்கிறேன். நார்வேயில் 1979இல், வழுக்கும் சாலையில் வண்டியைக் கட்டுப்படுத்தும் பயிற்சி புதிய ஓட்டுநர்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. அதன் விளைவை ஆராய்ந்தபோது, இளம் ஆண்களிடையே வழுக்குச் சாலை விபத்துகள் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருந்தன. சமாளித்துவிடலாம் என்ற துணிவு, சமாளிக்கும் திறனைவிட வேகமாக வளர்ந்ததே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அமெரிக்காவில் பந்தய உரிமம் பெற்றவர்களின் சாலைப் பதிவுகளைச் சாதாரண ஓட்டுநர்களின் பதிவுகளோடு ஒப்பிட்டு 1974இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. விபத்திலும் விதிமீறலிலும் பந்தயக்காரர்களே முன்னே நின்றார்கள்.

மேலும், கார்ப் பித்துள்ள வீடுகளில் நடக்கும் பேச்சைக் கவனித்துப் பாருங்கள். பூச்சியத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்ட எத்தனை நொடி என்பது சாப்பாட்டு மேசையில் மனப்பாடமாக ஒப்பிக்கப்படும். நூறிலிருந்து பூச்சியத்துக்கு வர எத்தனை மீட்டர் என்று கேட்டால் பெரும்பாலான வீடுகளில் விடை வராது.

ஐந்தாம்கியர் எழுதியது:

எனக்கு வயது பத்தொன்பது. இந்த இழையில் யாரைப் பற்றிப் பேசுகிறீர்களோ அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்பதால் ஒரு சொல். நடைபாதை ஐயா பந்தயத்தை ஏறக்குறைய குற்றமாகவே சித்திரிக்கிறார். பதினான்கு வயதில் அப்பா என்னைக் கோ-கார்ட் எனும் சிறு பந்தய வண்டிகளின் தடத்துக்கு அழைத்துப் போனதால்தான், வேகத்துக்கென்று தனியே ஓர் இடம் இருக்கிறது, அந்த இடம் சாலை அல்ல என்று எனக்குப் புரிந்தது. தடத்தில் எதிரே வண்டி வராது, குறுக்கே குழந்தை ஓடாது, தலைக்கவசம் இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். மாக்ஸ் வெர்ஸ்டாப்பன் 2015 மார்ச் மாதம் தம் பதினேழாவது வயதில் பார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கியபோது அவரிடம் சாலை ஓட்டுநர் உரிமமே கிடையாது. இரண்டும் வெவ்வேறு உலகங்கள் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

நடைபாதை எழுதியது:

தம்பி, அந்தக் கதையின் மறுபாதியையும் சொல்லிவிடுங்கள். அவர் பார்முலா ஒன்னில் ஓட்டப் போகிறார் என்று அறிவிப்பு வந்ததைத் தொடர்ந்துதான் சர்வதேச மோட்டார் வாகனக் கூட்டமைப்பு, 2016 முதல் பார்முலா ஒன்னில் ஓட்டப் பதினெட்டு வயதும் செல்லுபடியாகும் சாலை உரிமமும் வேண்டும் என்று விதி வகுத்தது. இரண்டும் வெவ்வேறு உலகங்கள் என்று பந்தயத்தை நடத்துபவர்களே முழுமையாக நம்பவில்லை.

தேன்மொழி எழுதியது:

ஆய்வுகளை இரு தரப்பினரும் அவரவர் வசதிக்கு எடுத்துக்கொள்வதால் நானும் ஒன்றைச் சேர்க்கிறேன். சுவீடனில் 1993இல், மேற்பார்வையோடு ஓட்டிப் பழகுவதற்கான வயதைப் பதினேழரையிலிருந்து பதினாறாகக் குறைத்தார்கள். உரிமம் பெறும் வயது பதினெட்டாகவே இருந்தது. அந்த வாய்ப்பைப் பயன்படுத்தி, பெரும்பாலும் பெற்றோரைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு நூறு மணி நேரத்துக்கும் மேலாக ஓட்டிப் பழகியவர்களுக்கு, உரிமம் பெற்ற பிறகு விபத்து அபாயம் கணிசமாகக் குறைந்திருந்தது. அவர்களைக் காத்தது சறுக்கல் வித்தை அல்ல. மழையிலும் இருட்டிலும் நெரிசலிலும் சலிப்பூட்டும் சாதாரணச் சாலைகளிலும் கழிந்த நீண்ட நேரம்தான் காத்தது.

ஆனால் பக்கத்து இருக்கைப் பாடம் பதினாறு வயதில் தொடங்குவதில்லை. பின்னிருக்கையில் பெல்ட் போட்டு அமரும் சிறுவயதிலிருந்தே பிள்ளைகள் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நண்பர் அச்சாணி அவர்கள் டயரைப் பற்றி மகளுக்கு எவ்வளவோ சொல்லியிருக்கலாம். ஓட்டும்போது அலைபேசி ஒலித்தால் அவர் என்ன செய்கிறார் என்பதையும் அவள் குறித்து வைத்திருப்பாள். நூறு கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 28 மீட்டர் கடக்கிறது. திரையை இரண்டு நொடி பார்த்தால் 55 மீட்டருக்குச் சாலையைப் பார்க்காமல் ஓட்டியதாகிறது. எந்த எந்திர ஞானமும் அந்த 55 மீட்டரில் உதவாது.

அச்சாணி எழுதியது:

ஒவ்வொன்றாக வருகிறேன். 1974ஆம் ஆண்டு ஆய்வு, பந்தயம் ஒருவரைக் கெடுத்ததா, துடுக்கானவர்கள் பந்தயத்தைத் தேடிப் போனார்களா என்பதைப் பிரித்துச் சொல்லாது. நார்வே உதாரணம் கனமானதுதான். ஆனால் அதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம் வேறு. சுவீடனில் 1996இல் வெளியான ஒரு சோதனையில் இளம் ஓட்டுநர்களை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குத் திறமையையும் மற்றொன்றுக்குத் தன் திறமை எந்த நேரத்திலும் கைவிடலாம் என்ற உணர்வையும் பயிற்றுவித்தார்கள். பிறகு சோதித்தபோது உண்மைத் திறனில் இரு குழுவுக்கும் வேறுபாடு இல்லை. தன்னைப் பற்றிய மதிப்பீட்டில் மட்டும் முதல் குழு உயரப் பறந்தது. அப்படியானால் கேள்வி, ஆசையை ஊட்டலாமா கூடாதா என்பதல்ல. அந்த ஆசைக்கு எதைத் தீனியாகப் போடுகிறோம் என்பதே.

நான் போடும் தீனியைச் சொல்கிறேன். அனுமதி பெற்ற காலித் திடலில் ஓட்டுபவன் நான்; சுண்ணக்கட்டியும் அளவு நாடாவும் மகள் கையில். முப்பது கிலோமீட்டர் வேகத்தில் முழு பிரேக் அடிக்கிறேன். காய்ந்த தரையில் நாலைந்து மீட்டரில் நிற்கிறது. அறுபதில் எங்கே நிற்கும் என்று அவளே முதலில் கோடு போட வேண்டும். இரு மடங்கு வேகத்துக்கு இரு மடங்கு தூரம் என்று பத்து மீட்டருக்குள் கோடு போட்டாள். வண்டி அதைத் தாண்டிப் பதினேழு மீட்டருக்கு அப்பால் நின்றது. வேகம் இரட்டித்தால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதைப் பாடப்புத்தகத்தில் படித்திருந்தவள்தான். ஆயினும் தான் போட்ட கோட்டைத் தாண்டி நிற்கும் வண்டியைக் கண்டபோதுதான் அது அவளுக்குள் இறங்கியது. இத்தனைக்கும் நான் தயாராக இருந்ததால், திடுக்கிட்டுக் காலைத் தூக்கும் அந்த ஒரு நொடித் தூரம் இதில் சேரவே இல்லை. சாலையில் அதுவே அறுபது வேகத்தில் இன்னொரு பதினேழு மீட்டர். சக்கரம் இறுகிப் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்யும்போது மிதி காலடியில் அதிரும் என்பதையும், பயந்து காலை எடுக்காமல் அழுத்தியபடியே ஸ்டீயரிங்கைத் திருப்பலாம் என்பதையும் பக்கத்தில் அமர்ந்தபோது பார்த்துக்கொண்டாள். அலைபேசியைப் பொறுத்தவரை, தேன்மொழி அம்மா, வண்டி கிளம்புவதற்கு முன் அது என் மகள் கைக்குப் போய்விடும். அது அவள் வைத்த சட்டம்.

நடைபாதை எழுதியது:

இந்தச் சோதனையை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் இதற்குக் கார்ப் பித்து எதற்கு? காரில் சிறிதும் நாட்டமில்லாத பிள்ளையின் கையிலும் சுண்ணக்கட்டியைக் கொடுக்கலாமே.

அச்சாணி எழுதியது:

கொடுக்கலாம், ஒரு முறை வருவாள். தேன்மொழி அம்மா சொன்ன நூறு மணி நேரத்துக்கு வருவதற்கு ஆசை வேண்டும். கடமைக்காகப் பக்கத்தில் அமரும் தகப்பனும் கடமைக்காக ஓட்டும் பிள்ளையும் பத்து மணி நேரத்துக்குள் சண்டையிட்டு நிறுத்திவிடுவதை நிறையவே பார்க்கிறோம்.

தேன்மொழி எழுதியது:

இதில் அச்சாணி அவர்கள் சொல்வது சரியென்றே படுகிறது. இன்னொன்றையும் தெளிவுபடுத்துங்கள்: உரிமம் கைக்கு வந்த முதல் ஆண்டுக்கு என்ன ஏற்பாடு? பக்கத்தில் பெற்றோர் இருக்கும்போது அல்ல, தனியே ஓட்டத் தொடங்கும் முதல் சில மாதங்களில்தான் அபாயம் உச்சத்தில் இருக்கிறது. ஒத்த வயது நண்பர்கள் ஏறிக்கொண்டால் அது மேலும் கூடுகிறது.

நடைபாதை எழுதியது:

அதற்குத்தான் நியூசிலாந்து 1987இல் படிப்படியான உரிம முறையைக் கொண்டுவந்தது. பிறகு பல நாடுகள் அதைப் பின்பற்றின. அங்கே பழகுநர் உரிமத்துக்கும் முழு உரிமத்துக்கும் நடுப்படியில் இருப்பவர் இரவு பத்து மணி முதல் விடியற்காலை ஐந்து மணி வரை தனியே ஓட்டக் கூடாது. நண்பர்களையும் ஏற்றக் கூடாது. சட்டம் இல்லாத இடத்தில் வீடே இதைச் சட்டமாக்கிக்கொள்ளலாம். அச்சாணி ஒப்புக்கொள்வாரா?

அச்சாணி எழுதியது:

நண்பர்களை ஏற்றக் கூடாது என்பதை முழு மனத்தோடு ஏற்கிறேன். இரவுத் தடையைத் தனியே ஓட்டுவதற்கு மட்டும் ஏற்பேன். எதிரே வரும் விளக்கின் கூச்சத்தையும், ஒளி எட்டும் தூரத்துக்குள் நிறுத்த முடியாத வேகம் எது என்பதையும் இரவில்தான் கற்க முடியும். அப்போது நான் பக்கத்தில் இருப்பேன். கோ-கார்ட் தடத்துக்கும் அழைத்துப் போவதாக வாக்களித்திருக்கிறேன். அதை மாற்றுவதாக இல்லை.

நடைபாதை எழுதியது:

நியூசிலாந்து விதியும் மேற்பார்வையாளர் உடனிருந்தால் இரவில் ஓட்ட இடம் தருகிறது. ஆகவே அங்கே நமக்குள் பூசல் இல்லை. எஞ்சியிருப்பது கோ-கார்ட் ஒன்றுதான். அதில் நான் இறங்கி வரப் போவதில்லை. உரிமம் பெற்று ஓராண்டு கழியட்டும். பிறகு தடத்துக்குப் போகட்டும் என்பதே என் நிலை.

ஐந்தாம்கியர் எழுதியது:

ஓராண்டு கழித்தா? அந்த ஆசையை அவ்வளவு நாள் எங்கே வைத்துக்கொள்வது, ஐயா? சாலையிலா?