கப்பல் மோதினால் பாலம் ஏன் முழுவதுமாகச் சரிகிறது?

கேள்வி: அம்மாபேட்டை வாசகர்
வணக்கம். சேலத்தில் சிவில் பொறியியல் படிக்கும் என் மகள், 2024 மார்ச் 26 அன்று அமெரிக்காவின் பால்டிமோரில் டாலி என்ற சரக்குக் கப்பல் மோதி ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம் சில விநாடிகளில் விழுந்த காணொளியைக் காட்டி, “தூணை இன்னும் கனமாகக் கட்டியிருந்தால் போதாதா, அப்பா?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அறிந்தவர்கள் விளக்குமாறு வேண்டுகிறேன்.

பதில்: ஓய்வுபெற்ற பொறியாளர், ஏற்காடு
கனம் மட்டும் போதாது. மின்சாரம் இழந்து மணிக்குச் சுமார் 12 கி.மீ. வேகத்தில்தான் டாலி வந்தது. ஆனால் அதன் எடை ஒரு லட்சம் டன்னுக்கும் அதிகம். 30 டன் எடையுள்ள லாரிகள் நூற்றுக்கு மேல், 60 கி.மீ. வேகத்தில் ஒரே நேரத்தில் வந்து இடிப்பதாக எண்ணிப் பாருங்கள். ஆகவே கப்பலைத் தூணருகே வரவிடாமல் தடுப்பதே முதல் வேலை. புளோரிடாவின் சன்ஷைன் ஸ்கைவே பாலத்தில் 1980-இல் கப்பல் மோதி 35 பேர் இறந்தனர். 1987-இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தைக் காக்க, ‘டால்பின்’ எனப்படும் பெரிய தடுப்புகளைத் தண்ணீரில் நிறுவினார்கள். வேறு சில இடங்களில் தூணைச் சுற்றிக் கல்லைக் கொட்டித் தீவுபோல் மேடாக்குவார்கள். கப்பல் அதில் தரைதட்டி நின்றுவிடும். பால்டிமோரிலும் சிறு தடுப்புகள் இருந்தன. கப்பல் அவற்றுக்கு விலகி வந்து தூணை இடித்துவிட்டது.

முழுவதும் சரிந்ததற்குக் காரணம் வேறு. அங்கே இரும்புச் சட்டகம் மூன்று கண்களுக்கும் (தூணுக்குத் தூண் இடைப்பட்ட பாலப் பகுதிகளுக்கும்) ஒரே தொடராக இருந்ததால், ஒரு தூண் போனதும் மூன்றும் விழுந்தன. 1975-இல் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரிலுள்ள டாஸ்மன் பாலத்தில் கப்பல் மோதி 12 பேர் உயிரிழந்தனர். எனினும் மோதிய பகுதி மட்டும் விழுந்தது, மற்றக் கண்கள் நின்றன.

பதில்: சங்ககிரி லாரி உரிமையாளர்
ஐயா சொல்லும் தடுப்பு நமக்குப் புதிதன்று. தாழ்வான ரயில் பாலங்களுக்கு முன்னால் நிற்கும் இரும்புக் குறுக்குச் சட்டமும் இதே வேலையைத்தான் செய்கிறது. உயரமான லோடு முதலில் அதில் இடிக்கும், பாலம் தப்பும். ஒருமுறை எங்கள் வண்டியே அப்படி இடித்து நின்றது. சட்டம் வளைந்ததைக் கண்டபோதுதான், அது இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உறைத்தது.

பதில்: ஓய்வுபெற்ற பொறியாளர், ஏற்காடு
சரியான உதாரணம். இன்னொன்றையும் மகளிடம் சொல்லுங்கள். டாலியிலிருந்து அபாய அழைப்பு வந்தவுடன் காவலர்கள் பாலத்தின் இரு முனைகளிலும் போக்குவரத்தை நிறுத்தியதால் பலர் பிழைத்தனர். ஆனால் பாலத்தின் மேல் சாலைப் பள்ளங்களைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த தொழிலாளர்களுக்கு அந்த எச்சரிக்கை உரிய நேரத்தில் சென்று சேரவில்லை. அவர்களில் ஆறு பேர் இறந்தனர்.