முதல் பெரிய நீர்ச்செடி மீன்தொட்டி: சிஓ2 தொடக்கத்திலேயே வேண்டுமா, வேண்டாமா?

முதல்தொட்டி:
எல்லோருக்கும் வணக்கம். இதுவரை ஒரு சின்னத் தொட்டியில் கப்பி மீன்களும் கொஞ்சம் ஜாவா பாசியும் வளர்த்து வந்தேன். இப்போது 120 செ.மீ. நீளம், 50 அகலம், 50 உயரத்தில் ஒரு தொட்டி செய்யச் சொல்லலாம் என்று இருக்கிறேன். கணக்குப்படி 300 லிட்டர். செடிதான் முக்கியம், மீன் அப்புறம்தான். முன்பக்கம் முழுக்க மான்டி கார்லோ கார்பெட் (தரையோடு படர்ந்து மூடும் செடி), பின்னால் சிவப்பு ரோட்டாலா, நடுவில் ட்ரிஃப்ட்வுட் கட்டை. அடியில் அக்வாசாயில் (செடிக்குச் சத்து தரும் மண் உருண்டைகள்). சிலிண்டர் வைத்து சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு வாயு), நல்ல வெளிச்சம் தரும் எல்இடி. இதையெல்லாம் முதல் நாளிலிருந்தே ஓட்டலாமா, இல்லை சிஓ2 இல்லாமல் தொடங்கி, கை பழகிய பிறகு சேர்க்கலாமா?

நிழல்நீர்:
சிஓ2 இல்லாமல் தொடங்குங்கள். வெளிச்சம், வாயு, உரம், சைக்கிளிங் (அமோனியாவை மாற்றும் பாக்டீரியா வளரும்வரை தொட்டியைப் பழக்குவது) எல்லாம் ஒரே சமயத்தில் புதிது என்றால், பாசி (வேண்டாத ஆல்கா) வரும்போது எதைக் குறைப்பது எதைக் கூட்டுவது என்று பிடிபடாது. அதுவும் 300 லிட்டரில். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரைன், வாலிஸ்னேரியா, ஹைக்ரோஃபிலா எதற்கும் சிலிண்டர் தேவையில்லை. வாலிஸ்னேரியா தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளும். கடினத் தண்ணீர் என்றால் அதற்குக் கொண்டாட்டம்தான்.

தாமரைத்தண்டு:
அவர் கேட்டது மான்டி கார்லோவும் சிவப்பு ரோட்டாலாவும். நீங்கள் அனுபியாஸைக் கையில் கொடுத்து அனுப்புகிறீர்கள். காற்றோடு சமநிலையில் இருக்கும் தண்ணீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் சிஓ2 கூட இருக்காது. மீனும் அடிமண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் விடுவதைச் சேர்த்தால் கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். சிலிண்டர் வைப்பவர்கள் குறிவைப்பது 30 பிபிஎம் (லிட்டருக்கு 30 மில்லிகிராம்). போதாததற்கு, காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் சிஓ2 ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவும். இருக்கிற கொஞ்சமும் இலைக்குப் போய்ச் சேர நேரமாகும். இந்த நிலையில் கார்பெட் பரவும் என்று ஒரு புதியவருக்கு நம்பிக்கை கொடுப்பது நியாயமா?

நிழல்நீர்:
கார்பெட் பரவும் என்று நான் எங்கே சொன்னேன்? முதல் தொட்டிக்குக் கார்பெட் வேண்டாம் என்பதுதான் என் கட்சி. சிஓ2 தேவையை உண்டாக்குவதே வெளிச்சம்தான். வெளிச்சத்தைக் கூட்டினால் செடி வேகமாக வளரப் பார்க்கும், உடனே கார்பன் பற்றாது. கார்பனைக் கொடுத்தால் நைட்ரஜன், பொட்டாசியம், இரும்பு என்று ஒவ்வொன்றாகப் பற்றாக்குறை வரும். எது குறைவோ அதுதான் வளர்ச்சியின் எல்லை, இது லீபிக் என்ற வேதியியலாளர் காலத்து விதி. வெளிச்சத்தை அடக்கி வைத்தால் இந்தத் துரத்தலே இல்லை. ஆறு மணி நேரம், பாதி வெளிச்சம், மேலே மிதக்கும் சால்வினியா கொஞ்சம். செடி மெதுவாக வளரட்டுமே, என்ன அவசரம்?

இரும்புச்சட்டம்:
வாயுச் சண்டைக்கு நடுவில் ஒரு சங்கதி. கேட்டவர் எங்கே வைக்கப்போகிறார் என்று யாருமே விசாரிக்கவில்லை. தண்ணீர் ஏறக்குறைய 250 கிலோ (மண், கட்டை, மேலே விடும் இடைவெளி போக). 12 மி.மீ. கண்ணாடி என்றால் அதுவே 70 கிலோவை நெருங்கும். அடியில் சராசரி 5 செ.மீ. மணல் போட்டால் சுமார் 50 கிலோ, அக்வாசாயில் என்றால் கொஞ்சம் குறையும். ஸ்டாண்டையும் சேர்த்தால் 400 கிலோவைத் தாண்டிவிடும், அதுவும் 0.6 சதுர மீட்டர் இடத்தில். வீட்டுத் தளங்களைச் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ வரை பரவலான சுமை என்று வைத்துத்தான் பொதுவாக வடிவமைப்பார்கள். அந்தக் கணக்கு மொத்த அறைக்கும் பரவிய சுமைக்கானது, அதனால் 400 கிலோ வைத்த உடனே தளம் விழுந்துவிடாது. ஆனால் மாடியில் என்றால் அறையின் நடுவில் வைக்காதீர்கள். சுவரை ஒட்டி, அடியில் பீம் ஓடும் இடம் பார்த்து வையுங்கள். சந்தேகம் இருந்தால் கட்டடப் பொறியாளர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். ஸ்டாண்ட் நாலு மூலையும் ஒரே மட்டமா என்று தண்ணீர் ஊற்றும் முன்பே பாருங்கள். ஊற்றிய பிறகு ஆப்பு வைத்துச் சரிசெய்ய நினைத்தால் சிலிகோன் ஒட்டு ஒரு பக்கமாக இழுபடும்.

முதல்தொட்டி:
தரைத்தளம்தான், சுவர் ஓரம். அந்தக் கவலை விட்டது. நிழல்நீர், வெளிச்சம் குறைத்தால் பாசி வராது என்பது எவ்வளவு தூரம் சரி?

நிழல்நீர்:
வராது என்று யாரும் எழுதித் தர முடியாது. டயட்டம் என்ற பழுப்புப் பாசி பெரும்பாலான புதுத் தொட்டிகளில் வந்து போகும், அதற்காக எதையும் மாற்ற வேண்டியதில்லை. மற்றவை நீங்கள் கொடுக்கும் இடத்தைப் பொறுத்தவை. முதல் நாளே தரைப்பரப்பில் முக்கால்வாசிக்குச் செடி நடுங்கள். வகைக்கு ஒரு கொத்து என்று அங்கங்கே நட்டு, அது பெருகும் என்று காத்திருப்பதுதான் பாசிக்கு வைக்கும் விருந்து. பெரிய தொட்டியில் செலவுக்குப் பயந்து பலரும் குறைத்து நடுவது இங்கேதான். வேகமாக வளரும் தண்டுச் செடிகளையும் ஹார்ன்வொர்ட்டையும் முதலில் நிரப்பிவிட்டு, தொட்டி நிலைத்த பிறகு பிடுங்கிக்கொள்ளலாம்.

தாமரைத்தண்டு:
அடர்த்தியாக நட வேண்டும் என்பதில் சண்டை இல்லை. ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். பண்ணையில் பெரும்பாலான செடிகளைத் தண்ணீருக்கு மேலே, காற்றில்தான் வளர்க்கிறார்கள். தொட்டிக்கு வந்ததும் அந்தப் பழைய இலை அழுகும், நீருக்கடியில் வாழத் தகுந்த புது இலையை செடி விட வேண்டும். காற்றிலிருந்து தாராளமாகக் கார்பன் எடுத்துப் பழகிய செடிக்கு இந்த மாற்றத்தின்போதுதான் சிஓ2 அதிகம் உதவும். அந்த முதல் சில வாரங்களில் கொடுக்காமல், எல்லாம் நிலைத்த பிறகு கொடுப்பது தலைகீழ்.

நிழல்நீர்:
கிரிப்டோகோரைன் சிஓ2 இருந்தாலும் உருகும், வேரை மட்டும் தொடாமல் விட்டால் திரும்ப வரும். உங்கள் வாதம் கார்பெட் செடிகளுக்குப் பொருந்தும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாயுவைச் சீராக ஓட்டத் தெரியாதவர் கையில் அதே சிஓ2 கறுப்புத் தாடிப் பாசியைக் கொண்டுவரும். ஒரு நாள் 30, மறுநாள் 15, மூன்றாம் நாள் மீன் மேலே வந்து வாயைத் திறக்கிறது என்றால் அதற்கு இல்லாமலே இருப்பது மேல். 250 லிட்டர் தண்ணீருக்கு உள்ளே மாட்டும் சின்னக் கண்ணாடி டிஃப்யூசர் (வாயுவை நுண்குமிழியாக விடும் கருவி) போதாது என்பதையாவது சொல்லுங்கள்.

தாமரைத்தண்டு:
சொல்கிறேன். தொட்டிக்கு வெளியே வைக்கும் கேனிஸ்டர் ஃபில்டரிலிருந்து தண்ணீர் திரும்பி வரும் குழாயில் ரியாக்டர் பொருத்துங்கள், வாயு முழுக்கக் கரைந்துதான் தொட்டிக்குள் வரும். நொடிக்கு எத்தனை குமிழி என்று யாரும் சொன்னால் கேட்காதீர்கள். ஒருவருடைய குமிழி இன்னொருவருடைய குமிழியின் அளவில் இருக்காது. ஒரு குவளையில் தொட்டித் தண்ணீரை எடுத்து ஒரு நாள் திறந்து வைத்து, அதன் பிஎச்சை (அமிலத்தன்மையின் அளவு, குறைந்தால் அமிலம் அதிகம்) அளந்துகொள்ளுங்கள். வாயு ஓடும்போது தொட்டியின் பிஎச் அதைவிட 1 குறைந்தால், சிஓ2 பத்து மடங்கு ஏறியிருக்கிறது என்று பொருள். டிராப் செக்கரில் (சிஓ2 அளவை நிறத்தால் காட்டும் சின்னக் குப்பி) 4 டிகேஎச் கரைசல் (கேஎச் என்பது கார்பனேட் கடினத்தன்மை) ஊற்றினால் பச்சை நிறம் சுமார் 30 பிபிஎம்மைக் காட்டும், ஆனால் அது ஒன்றிரண்டு மணி நேரம் பின்தங்கித்தான் நிறம் மாறும். கேஎச், பிஎச் அட்டவணையை வைத்து சிஓ2 கணக்குப் போடாதீர்கள். அக்வாசாயில் கேஎச்சை இழுத்துக்கொள்ளும், ஊறிய கட்டை அமிலம் விடும், அட்டவணை பொய் சொல்லும். விளக்கு எரிவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு வாயு திறக்க வேண்டும், விளக்கு அணைய ஒரு மணி நேரம் இருக்கும்போதே மூடலாம். இரண்டுக்கும் டைமர் போட்டுவிட்டால் கை வைக்கவே வேண்டாம். சீராக ஓட்டுவது இவ்வளவுதான்.

இரும்புச்சட்டம்:
இவ்வளவுதானா? சிலிண்டரைப் பற்றி ஒரு வார்த்தை. உள்ளே சிஓ2 திரவமாக இருக்கும்வரை பிரஷர் கேஜ் முள் நகராது. 20 டிகிரியில் 57 பார் என்றால், பாதி சிலிண்டர் தீர்ந்த பிறகும் அதே 57 பார்தான். திரவம் தீர்ந்த பிறகு விறுவிறுவென்று இறங்கும். அந்த இறக்கத்தில் சில ஒற்றை நிலை ரெகுலேட்டர்கள் (அழுத்தத்தை ஒரே படியில் குறைப்பவை) மிச்ச வாயுவை மொத்தமாகக் கொட்டிவிடும். காலையில் பார்த்தால் மீன் எல்லாம் மிதக்கும். இரட்டை நிலை ரெகுலேட்டர் வாங்குங்கள், இல்லையென்றால் சிலிண்டரை அவ்வப்போது எடை போட்டுப் பாருங்கள். சிலிண்டரை நிமிர்த்தி வைத்துக் கட்டியும் வையுங்கள்.

நிழல்நீர்:
பார்த்தீர்களா, நான் சொல்ல வந்ததை இவரே சொல்லிவிட்டார். இவ்வளவையும் தெரிந்துகொண்டுதான் ஒருவர் முதல் செடியை நட வேண்டுமா? ஆறு மாதம் சாதாரணமாக ஓட்டட்டும். செடியும் மீனும் தண்ணீரும் பழகட்டும். அப்புறம் வேண்டுமானால் சிலிண்டர் வாங்கட்டும்.

தாமரைத்தண்டு:
அந்த "அப்புறம்"தான் ஆபத்து. ஆறு மாதம் கழித்துத் தொட்டியில் மீன் இருக்கும். வாயுவின் அளவு தெரியாமல் கூட்டிக் குறைத்துச் சரிபார்க்கும் வேலையை மீன்களின் தலைக்கு மேலே செய்ய வேண்டியிருக்கும். மீன் சாவது பெரும்பாலும் அந்தச் சரிபார்ப்பு நாட்களில்தான். முதலிலேயே தொடங்கினால் முதல் ஒரு மாதத்துக்கு மேல் தொட்டியில் மீனே கிடையாது. தப்பாகக் கூட்டிவிட்டாலும் செத்துப்போக எதுவும் இல்லை. புதியவர் கற்றுக்கொள்ள இதைவிடப் பாதுகாப்பான காலம் எது?

முதல்தொட்டி:
இது எனக்குத் தோன்றவே இல்லை. அப்படியென்றால் சைக்கிளிங் எப்படி? செடி நிறைய இருந்தால் உடனே மீன் விடலாம் என்று சிலர் சொல்கிறார்களே.

நிழல்நீர்:
இதில் நானும் தாமரைத்தண்டும் ஒரே பக்கம், அபூர்வமாக. புது அக்வாசாயில் முதல் வாரங்களில் அமோனியா கசியும். செடி அமோனியத்தை விரும்பி எடுத்துக்கொள்ளும் என்பது உண்மைதான், ஆனால் அப்போதுதான் நட்ட, இலை உருகிக்கொண்டிருக்கும் செடியை நம்பி மீன் விடக் கூடாது. அமோனியாவின் நச்சு பிஎச்சோடு ஏறும். 25 டிகிரியில், பிஎச் 7ல் மொத்த அமோனியாவில் அரை சதவீதத்துக்குச் சற்று மேல்தான் நச்சு வடிவம், பிஎச் 8ல் ஐந்து சதவீதத்தைத் தாண்டும். அமோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் பூஜ்யம் காட்டும்வரை பொறுங்கள். வழக்கமாக நாலு முதல் ஆறு வாரம்.

தாமரைத்தண்டு:
டார்க் ஸ்டார்ட் செய்யலாம். மண், கட்டை, தண்ணீர், ஃபில்டர் மட்டும். விளக்கும் இல்லை, செடியும் இல்லை. கசியும் அமோனியாவே பாக்டீரியாவுக்கு உணவு. வெளிச்சம் இல்லாததால் பாசிக்கு வழி இல்லை. அமோனியாவும் நைட்ரைட்டும் அடங்கியதும் பெரும்பங்குத் தண்ணீரை மாற்றிவிட்டுச் செடி நடுங்கள். புது ட்ரிஃப்ட்வுட்டின் பழுப்புச் சாயமும் பாதி இறங்கிவிடும், கட்டையும் ஊறி அடியில் நிற்கும். நட்ட பிறகு மூன்று நாலு வாரம் மீன் இல்லாமல் வாயுவைச் சரிபாருங்கள். ஆனால் அந்த வாரங்களிலும் ஃபில்டர் பாக்டீரியாவுக்கு உணவு போக வேண்டும், தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போடுங்கள்.

இரும்புச்சட்டம்:
தண்ணீர் மாற்றும் வேலையை இன்னும் யாரும் பேசவில்லை. சிஓ2, உரம் என்று ஓட்டினால் வாரம் பாதித் தண்ணீர் மாற்றுவது வழக்கம். இங்கே அது 125 லிட்டர். பத்து லிட்டர் வாளியில் வெளியே பதின்மூன்று நடை, உள்ளே பதின்மூன்று நடை. ஒரு மாதம் செய்வீர்கள், அப்புறம் தள்ளிப்போடுவீர்கள். குழாயும் வடிகாலும் தொட்டியிலிருந்து ஹோஸ் எட்டும் தூரத்தில் இருக்கிற மாதிரி இடத்தைத் தேர்ந்தெடுங்கள். நேராகக் குழாயிலிருந்து நிரப்பினால் குளோரின் நீக்கும் மருந்தைத் தொட்டியின் மொத்தக் கொள்ளளவுக்குக் கணக்கிட்டு முதலிலேயே ஊற்றுங்கள். தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போகும், குளோரமின் போகாது. அதோடு பெரிய ஃபில்டர் ஒன்றுக்குப் பதிலாக நடுத்தரமானது இரண்டு வாங்குங்கள். ஒன்றைக் கழுவும் வாரம் மற்றதில் பாக்டீரியா அப்படியே இருக்கும், ஒன்று நின்றாலும் மற்றது ஓடும்.

முதல்தொட்டி:
சரி, முடிவுக்கு வருகிறேன். சுவருக்கு அந்தப் பக்கமே குளியலறை, ஹோஸ் எட்டும். டார்க் ஸ்டார்ட் செய்து, செடி நட்ட அன்றே சிஓ2 திறக்கப்போகிறேன். இரட்டை நிலை ரெகுலேட்டர், ரியாக்டர், இரண்டு கேனிஸ்டர். மான்டி கார்லோ முன்பக்கம் முழுக்க. விளக்கு முழு வேகத்தில் எட்டு மணி நேரம் வைக்கலாமா?

தாமரைத்தண்டு:
கூடாது. ஆறு மணி நேரம், பாதி வெளிச்சம். புது இலை வந்த பிறகு கூட்டலாம். இதில் நிழல்நீர் சொன்னதுதான் சரி.

நிழல்நீர்:
சிஓ2 பற்றி என் கருத்து மாறவில்லை. ஆனால் வைப்பதென்று முடிவாகிவிட்டதால் சொல்கிறேன். முதல் மீன் விடும் அன்று வாயுவை மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிட்டு விடுங்கள், ஃபில்டர் தண்ணீர் மேற்பரப்பை அலசுகிற மாதிரி திருப்பி வையுங்கள். வெயில் காலத்தில் இன்னும் கவனம். 25 டிகிரியில் தண்ணீர் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 30 டிகிரியில் 7.6தான். மதியத்தைவிட விளக்கு எரிவதற்கு முந்தைய அதிகாலையில் மீன்களைப் பாருங்கள், செடியும் இரவெல்லாம் ஆக்சிஜனை எடுத்திருக்கும். அப்புறம், ஓட்டோசின்க்லஸ் மீன்களை முதல் கூட்டத்தில் வாங்காதீர்கள். மேய்வதற்குப் பாசிப்படலம் இல்லாத புதுத் தொட்டியில் அவை பட்டினி கிடக்கும்.

முதல்தொட்டி:
குறித்துக்கொண்டேன். அமானோ இறால் முதலில் விடலாமா?

தாமரைத்தண்டு:
விடலாம், செடி நட்டு ஒரு மாதம் போகட்டும். மூடி போடுங்கள், ஏறி வெளியே போய்விடும்.