வில்லையா, சின்னமா, மாராயமா?

நா. (டோர்ட்முண்ட்), செவ்வாய் காலை

குழுவில் உள்ள பெரியோர்களுக்கு வணக்கம்.

நாணயம் சேகரிக்கும் தமிழ் வாசகர்களுக்காக, இரண்டாம் உலகப்போர்க் கால ஜெர்மானியப் படைப் பதக்கங்களைப் பற்றிய சிறு கையேடு ஒன்றைத் தமிழில் எழுதித் தர ஒப்புக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை அச்சுக்குப் போகிறது. இரும்புச் சிலுவை வரை தடையின்றி வந்துவிட்டேன்: 1813 மார்ச் 10 அன்று பிரஷ்ய மன்னர் மூன்றாம் பிரீட்ரிக் வில்ஹெல்ம் அதை ஏற்படுத்தியதும், கட்டடக் கலைஞர் ஷிங்கெல் அதற்கு வடிவம் தந்ததும், 1870, 1914, 1939 ஆகிய ஆண்டுகளில் அது மீண்டும் வழங்கப்பட்டதும் எளிதாகவே தமிழுக்கு வந்தன. போரில் காயம்பட்டவர்களுக்குத் தரப்பட்ட பொருளுக்கு வந்தபோதுதான் கை நின்றது.

ஜெர்மன் மொழியில் 'மெடால்யெ' வேறு, 'அப்ட்ஸைஷென்' வேறு, 'கென்ட்ஸைஷென்' வேறு. முதலாவது நாடாவில் தொங்குவது. இரண்டாவது சட்டையில் ஊசியால் குத்துவது, அல்லது துணியில் நெய்து தைப்பது. மூன்றாவது, ஓர் அமைப்பை அடையாளம் காட்டும் எந்தக் குறியும். 1957 ஜூலை 26ஆம் நாளிட்ட மேற்கு ஜெர்மானியச் சட்டம், முன்னாள் வீரர்கள் போரில் பெற்றவற்றை நாஜிக் குறி இல்லாத வடிவத்தில் மட்டும் அணியலாம் என்றது. இதை நான் தமிழில் எழுதியபோது வந்த வாக்கியம்: 'காயச் சின்னத்தின் தலைக்கவசத்தில் உள்ள சின்னம் நீக்கப்பட்டிருந்தால் அச்சின்னத்தை அணியலாம்.' எந்தச் சின்னத்தில் எந்தச் சின்னம் போனது என்று எனக்கே மறுநாள் விளங்கவில்லை. உதவுங்கள்.

செ.வே. (மதுரை), செவ்வாய் மாலை

அன்புள்ள நா.,

'சின்னம்' வடமொழிச் 'சிஹ்ன'த்தின் திரிபு. அதை விட்டொழிக்க இது நல்ல தருணம். வேந்தன் தன் வீரனுக்குத் தரும் சிறப்புக்குத் தொல்காப்பியம் பெயரிட்டு வைத்திருக்கிறது. மண் கொள்ளப் படையெடுப்பதைப் பாடும் வஞ்சித்திணையின் துறைகளுள் ஒன்றாகிய 'மாராயம் பெற்ற நெடுமொழி' என்பதை நினைவுகூர்க. படைவீரன் நெஞ்சில் குத்திக்கொள்ளும் சிறப்புப் பொருளுக்கு 'மாராயம்' என்பதே பொருந்தும். அரசன், அரையன், ராயன் என்று வழிவழி வந்த வேர் இது. பிரெஞ்சுக்காரர் மன்னனை 'ருவா' என்பதும் இலத்தீன் 'ரெக்ஸ்' என்பதும் இதன் தொலைச் சுற்றத்தார் என்பதைத் தனி மடலில் நிறுவுவேன். மன்னன் தந்த பொற்றாமரையைப் பாணர் சூடியதைப் புறநானூற்றின் 12ஆம் பாட்டு 'பாணர் தாமரை மலையவும்' என்று காட்டுவதால், கொடையாக வந்த அணியை உடலில் தரிக்கும் வழக்கமும் நமக்குப் புதிதன்று.

க. (யாழ்ப்பாணம்), செவ்வாய் இரவு

ஐயா, 'ரெக்ஸ்' மதுரையிலிருந்து புறப்பட்டது என்ற வாதத்தை நான் இங்கு எடுக்கவில்லை. எடுத்தால் வெள்ளிக்கிழமை போய்விடும். எங்கள் பிள்ளைகள் சாரணர் சட்டையில் குத்துவதைச் 'சின்னம்' என்றே சொல்கிறார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு விளங்கும் சொல்லை வடசொல் என்று தள்ளிவிட்டு, உரையாசிரியர் துணையின்றி விளங்காத சொல்லை ஏன் சேகரிப்பாளர் தலையில் கட்ட வேண்டும்? நா. தம்பியின் வாக்கியத்தில் சொல் பிழையில்லை; அடைமொழிதான் போதவில்லை. 'அணிசின்னம்', 'நாஜிச் சின்னம்' என்று பிரித்து எழுதினால் குழப்பம் தீரும்.

வா. (சென்னை), புதன் காலை

செ.வே. ஐயாவுக்கு வணக்கத்துடன் ஒரு மறுப்பு. தாங்கள் காட்டிய பாட்டு 'தாமரை மலையவும்' என்பதோடு முடியவில்லை. 'அறனோ மற்றிது' என்று கேட்டு, பிறர் மண்ணை அவர்களுக்கு இன்னா ஆகும்படி கொண்டு, தன்னை விரும்பி வந்தவர்க்கு மட்டும் இனியன செய்யும் மன்னனைக் குத்திக்காட்டுவதுபோலவே அது போகிறது. பழிப்பதுபோல் புகழும் பாட்டு என்று உரைகாரர் சொல்வார்கள். ஆனாலும் பிறர் மண்ணைக் கொண்ட ஒரு படையின் அணிகளுக்குப் பெயர் தேடும்போது அந்தப் பாட்டைப் பாதியில் நிறுத்துவது சரியாகாது. 'மாராயம்', 'விருது', 'வீரப் பதக்கம்' ஆகிய எல்லாவற்றிலும் கொடுத்தவன் கை பெருமை பெறுகிறது. இந்தக் கையேட்டுக்கு வேண்டியது நிறமில்லாத சொல்.

ஒரு சேகரிப்பாளர் வீட்டில் கறுப்புக் காய அடையாளம் ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒன்று அல்லது இரண்டு முறை காயம்பட்டவர்களுக்குக் கறுப்பு, மூன்று நான்கு முறைக்கு வெள்ளி, ஐந்து அல்லது அதற்கு மேல் என்றால் பொன் என்பது அதன் வரிசை. நான் பார்த்தது மெல்லிய இரும்புத் தகட்டை அழுத்தி எடுத்த நீள்வட்டம். முன்புறம் இலைமாலைக்குள் குறுக்கு வாள்கள், மேலே தலைக்கவசம். திருப்பினால் அதே தலைக்கவசம் குழியாகத் தெரிகிறது, நடுவே ஓர் ஊசி. விளிம்பில் கறுப்பு வண்ணம் தேய்ந்து இரும்பு துருவேறியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது பழைய கலெக்டர் அலுவலக டவாலியின் நெஞ்சில் இருந்த பித்தளை வில்லை. 'வில்லைச் சேவகன்' என்று நம் அகராதியிலேயே சொல் உண்டு. அதிகாரம் ஒருவன் மார்பில் பொருத்திவிட்ட தகடு: அவ்வளவுதான், அதற்கு மேல் புகழில்லை. 'காய வில்லை' என்று எழுதுங்கள். அதன் தலைக்கவசத்தின் மேல் இருந்த நாஜிக் குறி 'சின்னம்'. வாக்கியம் தானாகவே தெளியும்.

க. (யாழ்ப்பாணம்), புதன் மதியம்

வா. அம்மையாரின் நியாயம் எனக்குப் பிடித்திருக்கிறது, சொல்தான் பிடிக்கவில்லை. இங்கே எட்டாம் வகுப்பு விஞ்ஞானப் பாடத்தில் வில்லை என்றால் ஒளியை முறிக்கும் கண்ணாடி. குவிவில்லை, குழிவில்லை என்று படித்த பிள்ளை இந்தக் கையேட்டில் தயாரிப்பாளர் குறியைச் சோதிக்கும் பகுதிக்கு வரும்போது, 'வில்லையின் பின்புறத்தை வில்லை கொண்டு பார்க்கவும்' என்றல்லவா வாசிக்கும்? நா. தம்பி சின்னத்திலிருந்து தப்பி வில்லைக்குள் விழுகிறார்.

நா. (டோர்ட்முண்ட்), புதன் இரவு

க. அண்ணா அஞ்சிய வாக்கியம் ஏறத்தாழ அப்படியே கையேட்டில் இருக்கிறது. இரும்புச் சிலுவையின் நாடா வளையத்தில் '65' என்பதுபோல் நுண்ணிய எண் பொறிக்கப்பட்டிருக்கும். அது இடார்-ஓபர்ஸ்டைன் நகரத்துக் கிளைன் உண்ட் குவென்ட்ஸர் பட்டறையின் எண். கண்ணாடி இல்லாமல் அதைப் படிக்க முடியாது. அங்கே 'உருப்பெருக்கி' என்று மாற்றிவிட்டேன்.

இன்னொரு செய்தி. ஜெர்மானியக் குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவு, தடைசெய்யப்பட்ட அமைப்புகளின் 'கென்ட்ஸைஷென்' எவை என்று சொல்லும்போது கொடி, அப்ட்ஸைஷென், சீருடைப் பகுதி, முழக்கம், வணக்க முறை என்று வரிசைப்படுத்துகிறது. ஆகவே கென்ட்ஸைஷென் பொதுப்பெயர்; அப்ட்ஸைஷென் அதனுள் அடங்கும் ஓர் இனம். இங்குள்ள விற்பனையாளர்கள் பட்டியல் படங்களில் நாஜிகளின் கொக்கிச் சிலுவை மீது ஒரு புள்ளி ஒட்டி மறைப்பது இந்தப் பிரிவை அஞ்சித்தான். ('சுவத்திகம்' என்று எழுதினால் நம் வீட்டு வாசலும் கணக்குப் புத்தகமும் நினைவுக்கு வருவதால், ஜெர்மன் பெயரின் பொருளையே எடுத்துக் 'கொக்கிச் சிலுவை' என்று எழுதுகிறேன்.) பொதுப்பெயருக்கும் இனப்பெயருக்கும் ஒரே சொல்லை வைத்து, அடைமொழியால் மட்டும் பிரித்தால் சட்டப் பகுதி நிற்காது. இதில் க. அண்ணா என்னைப் பொறுத்தருள வேண்டும்.

செ.வே. (மதுரை), வியாழன் காலை

மாராயத்தை விடுகிறேன், பாட்டை முழுதும் படிக்க வைத்தமைக்கு வா. அம்மையாருக்கு நன்றி. ஆனால் கழுத்துப்பட்டியிலும் தோளிலும் கையிலும் தைக்கும் படை அடையாளங்களுக்குத் தொல்காப்பியத்தை விட முடியாது. 'போந்தை வேம்பே ஆரென வரூஉம் மாபெருந் தானையர் மலைந்த பூ' என்பது என்ன? எந்த வேந்தனின் படை என்று அறிவதற்காகச் சூடிய பூ. அதுவே இது. 'படைப்பூ' என்க.

நா. (டோர்ட்முண்ட்), வியாழன் மதியம்

ஐயா, ஜெர்மானிய மலைப்படையினர் வலக்கை மேற்புறத்திலும் தொப்பியின் இடப்புறத்திலும் அணிந்தது உண்மையாகவே ஒரு பூ. ஆல்ப்ஸ் மலையின் ஈடல்வைஸ்.

செ.வே. (மதுரை), வியாழன் மதியம்

பார்த்தீர்களா!

வா. (சென்னை), வியாழன் மாலை

பார்த்தோம், ஐயா. ஆனால் கழுத்துப்பட்டியில் பூ இல்லை, நெய்த கோடுகள். தோள்பட்டையில் விளிம்பு நிறம், காலாட்படைக்கு வெள்ளை, கவசப்படைக்கு இளஞ்சிவப்பு. இளஞ்சிவப்புக் கோட்டைப் பூ என்று சொன்னால் சேகரிப்பாளர் பூவைத் தேடி அலைவார். 'பதவிக்குறி', 'படைக்குறி' என்று இரண்டாகப் பிரித்து வைத்துக்கொள்வோம்.

நா. (டோர்ட்முண்ட்), வியாழன் இரவு

முடிவாக எழுதுகிறேன். நாடாவில் தொங்கும் மெடால்யெ, பதக்கம். ஊசியால் குத்துவது, வில்லை. தைப்பவை, பதவிக்குறியும் படைக்குறியும். கென்ட்ஸைஷென், சின்னம். வில்லைக்கு மூவர் ஒப்பு, க. அண்ணா ஒப்பவில்லை என்பதை முன்னுரையில் குறிப்பிடுகிறேன்.

மறுப்பின்றி ஏற்கப்பட்டது ஒன்றே ஒன்று, அதுவும் தனிமடல்களில். 1941-42 குளிர்காலத்தில் கிழக்குப் போர்முனையில் கிடந்தவர்களுக்கு 1942 மே மாதம் ஏற்படுத்தப்பட்ட பதக்கத்தைப் படைவீரர்கள் கேலியாக 'கெஃப்ரீர்ஃபிளைஷ் ஓர்டன்' என்றார்கள். அதற்கு நான் வைத்த 'உறைகறிப் பதக்கம்' நால்வருக்கும் பிடித்துவிட்டது.

க. (யாழ்ப்பாணம்), வெள்ளி காலை

உறைகறிக்கு என் கையொப்பம் உண்டு. வில்லைக்கு இல்லை. எங்கள் நூலகத்துப் படியில் பென்சிலால் 'அணிசின்னம்' என்று ஓரத்தில் எழுதி வைப்பேன்.

செ.வே. (மதுரை), வெள்ளி காலை

க. அவர்கள் பென்சிலை எடுக்குமுன் ஒன்று. 'வில்' என்பதற்கு ஒளி என்றும் ஒரு பொருள் உண்டு. ஆதலால் ஒளியை முறிக்கும் கண்ணாடியும் ஒளிரும் தகடும் ஒரே வேரில் கிளைத்தவை ஆகலாம். இதுபற்றி நான்கு பக்கத்தில் குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். தட்டச்சுச் செய்ததும் அனுப்புகிறேன்.