அம்மாவை அடுத்த கரிஸ்மற்றிக் கூட்டத்துக்கும் கூட்டிப்போகலாமா?

விசுவமடு ரீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். இதை ஊரில் யாரிடமும் கேட்க முடியவில்லை. கரிஸ்மற்றிக், அதாவது தூய ஆவியின் கொடைகளை நாடி வாய்விட்டுச் செபிக்கும் கத்தோலிக்கச் செபக்குழு ஆட்களிடம் கேட்டால் ஆவியானவரைச் சந்தேகிக்கிறாயா என்பார்கள். மற்றவர்களிடம் கேட்டால் உதெல்லாம் அல்லேலூயாக்காரரிடம், பெந்தகோஸ்துச் சபைகளிடம், படித்தது, உங்களுக்கேன் என்பார்கள். இரண்டும் எனக்கு உதவாது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வருடம், 2024இல், பெந்தகோஸ்துத் திருநாள் மே 19. முதல் நாள் இரவு திருவிழிப்பு. அந்த முதல் நாள், மே 18, 2009இல் போர் முள்ளிவாய்க்காலில் முடிந்த நாள் என்று வன்னி ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காலையில் அம்மாவும் நானும் முள்ளிவாய்க்காலுக்குப் போனோம். அம்மா அப்பாவுக்கு மட்டும்தான் விளக்குக் கொளுத்துவார், அண்ணாவுக்குக் கொளுத்த மாட்டார். அப்பா செல் விழுந்து செத்தவர், நாங்களே புதைத்தோம். அண்ணா 2009இல் வட்டுவாகல் பாலத்தைத் தாண்டியதும் இராணுவத்திடம் பெயரைப் பதிந்துவிட்டு பஸ்ஸில் ஏறினவர், அதோடு ஒரு தகவலும் இல்லை. அம்மா அதைக் கண்ணால் கண்டவர். கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி காணாமலாக்கப்பட்டவர்களின் தாய்மாரின் போராட்டம் தொடங்கியதிலிருந்து முடிந்த நேரமெல்லாம் அங்கே போய் இருப்பார். மரணச் சான்றிதழ் எடுங்கள் என்று யாராவது வாய் திறந்தால் எழுந்து வந்துவிடுவார்.

கஞ்சி குடித்து, வீட்டுக்கு வந்து, பின்னேரம் திருவிழிப்புக்குப் போனோம். கோயில் வளவில் தறப்பாள் பந்தல், மணலில் பாய், வயது போனவர்களுக்கு முன்னால் கதிரை, எல்லோருக்கும் தேத்தண்ணி, இரவு திரும்பிப் போக வான். ஏற்பாடு செய்தவர்கள் மனம் வைத்துத்தான் செய்திருந்தார்கள். பாடி முடிந்ததும், ஒவ்வொருவரும் உங்கள் சொந்தச் சொல்லில் ஆண்டவரைப் புகழுங்கள் என்றார்கள். பந்தல் முழுக்க ஒரே நேரத்தில் ஆளாளுக்கு வாய் விட்டுப் புகழ, எனக்கு முதலில் வெட்கமாக இருந்தது. அம்மா செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு பேசாமல் இருந்தார். அப்புறம் எழும்பினார். தோளில் செல் துண்டு இன்னும் இருப்பதால் அவர் அந்தக் கையைத் தலைக்கு மேலே கொண்டுபோவதில்லை. அன்று இரண்டு கையையும் தூக்கினார். வாயிலிருந்து சொல் இல்லாத ஒரு ஓசை வந்தது. மெல்லியதாக, ஒரே சுருதியில், மூச்சு முடியும்வரை இழுத்து, திரும்பவும் முதலிலிருந்து. 2009க்குப் பிறகு அம்மா சத்தம் போட்டு அழுது நான் கேட்டதில்லை. குழுவிலிருந்த ஒரு அக்கா வந்து முழங்கையைத் தாங்கிப் பிடித்தார், வேறொன்றும் செய்யவில்லை. அடுத்த நாள் தோள் நன்றாக நொந்தது, எண்ணெய் போட்டுவிட்டேன். ஆனால் அம்மா அன்றிரவு விடியும்வரை நித்திரை கொண்டார். அவர் அப்படித் தூங்குவதே இல்லை.

இதுவரைக்கும் எனக்கு ஒரு குறையும் இல்லை. நன்றிதான்.

பிறகு, வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் மைக்கைப் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டு, "இங்கே ஒரு தாய் இருக்கிறாள், மகனைத் தேடுகிறாள், ஆண்டவர் எனக்குக் காட்டுகிறார், அவன் உயிரோடு இருக்கிறான், இந்த வருடம் முடிவதற்குள் செய்தி வரும், அந்தத் தாய் விசுவாசத்தோடு கையை உயர்த்தட்டும்" என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். பார்த்த பக்கமெல்லாம் கை. ஒரு தாய் என்றுதான் அவர் சொன்னார். எத்தனை தாய்மார். எல்லோரும் அது தனக்குத்தான் என்று நினைத்துத் தூக்கிய கை. அம்மாவின் கையும்தான். பிரசங்கியார் "அல்லேலூயா" சொல்லி அடுத்ததுக்குப் போய்விட்டார்.

கடைசியில் நற்கருணை ஆராதனை. பாதர் நற்கருணை வைத்த கதிர்ப்பாத்திரத்தோடு சனத்துக்குள்ளே நடந்து வந்தார். எனக்குப் பரவசமும் வரவில்லை, உடம்பு நடுங்கவும் இல்லை. கேட்க வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை. முழங்காலில் மணல் குத்துவது தெரிந்தது. ஆனால் எங்களை ஒருவர் பார்த்துவிட்டார் என்ற நிச்சயம் வந்தது. அது இன்னும் போகவில்லை. அதனால்தான் இதை விட்டுவிடவும் மனமில்லை.

வீட்டுக்கு வந்து ஒரு கிழமைக்குள் அம்மா பின்னறைக் கதவைத் திருத்த ஆள் பிடித்தார். சந்தையில் ஒரு சாரம் வாங்கிவந்து, மடித்து, அலுமாரியில் வைத்திருக்கிறார். அண்ணாவுக்கு. போன் அடித்தால் ஓடி வருகிறார்.

ஆவணியில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. அதே பிரசங்கியார்தான். அம்மா போக வேணும் என்கிறார். அம்மாவுக்கு அந்த இரவு வந்தது தூய ஆவியா, இத்தனை வருடம் அடக்கி வைத்த துக்கமா? கூட்டிப்போகவா, மறிக்கவா?

பூநகரி மூப்பர்:

பிள்ளை, நான் பழைய ஆள், பழைய ஆள் போலத்தான் சொல்லுவேன். 2008 சித்திரையில் சண்டையால் மடுக் கோயிலிலிருந்து மாதாவின் சுருவத்தையே தேவன்பிட்டிக்குத் தூக்கிக்கொண்டு வர வேண்டி வந்தது. நாங்களும் அந்த நேரம் இடம்பெயர்ந்துதான் இருந்தோம். பங்கருக்குள் எங்களைக் காத்தது செபமாலை. கையைத் தட்டி, கத்தி, விழுந்து எழும்புகிற வழிபாட்டில் எனக்கு மனம் ஒட்டவில்லை. அம்மாவை மடுவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. ஆவணித் திருநாள் வருகுதுதானே. அந்தத் தாய்க்கும் மகனை இழந்த வலி தெரியும். மேடையில் நின்று தேதி சொன்ன மனிசனுக்கு அது தெரிந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

முருங்கன் செபக்குழு:

ரீச்சர், நான் மன்னார் மறைமாவட்டத்தில் கன காலமாக ஒரு அருங்கொடைச் (கரிஸ்மற்றிக்) செபக்குழுவில் இருக்கிறேன். உங்கள் கேள்வியை வாசித்துவிட்டு அன்றைக்கு முழுக்க வேலை ஓடவில்லை.

மூப்பர் ஐயா, உங்கள் செபமாலையை நான் மதிக்கிறேன், நாங்களும் அதைச் சொல்லித்தான் தொடங்குகிறோம். ஆனால் இந்தக் கரிஸ்மற்றிக் வழிபாடு வெளியாரிடமிருந்து திருடி வந்ததல்ல. 1967இல் அமெரிக்காவில் டுக்கேன் பல்கலைக்கழகத்துக் கத்தோலிக்க மாணவர்களின் தியானத்தில் தொடங்கியது. 1975 பெந்தகோஸ்துக் காலத்தில் ஆறாம் பவுல் பாப்பரசர் உரோமையில் இந்த மறுமலர்ச்சி இயக்கத்தாரை வரவேற்றார். 2019இல் பிரான்சிஸ் பாப்பரசர் எல்லாக் குழுக்களுக்கும் பொதுவாகக் காரிஸ் என்ற சேவை அமைப்பைத் தொடங்கி வைத்தார். திருச்சபைக்குள் இடம் இருக்கிறது. இடம் இருப்பதால் ஒழுங்கும் இருக்கிறது, அதைத்தான் சொல்ல வந்தேன்.

கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம் 14ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். இறைவாக்குச் சொல்பவர் இரண்டு மூன்று பேர் பேசட்டும், மற்றவர்கள் அதைச் சீர்தூக்கிப் பார்க்கட்டும் என்கிறார் பவுல். ஒருவர் மனதில் பட்டது நேரே மைக்குக்குப் போவது அந்த ஒழுங்கில் இல்லை. எங்கள் குழுவில் யாருக்காவது ஒரு வார்த்தை வந்தால் முதலில் பொறுப்பாளர்களிடம் சொல்ல வேணும், அவர்கள் செபித்துப் பார்த்த பிறகுதான் சபைக்கு. காணாமல்போன ஆட்களைப் பற்றி, உயிரோடு என்றோ இல்லை என்றோ, மேடையில் ஒருவரும் வாய் திறக்கக்கூடாது என்று நாங்கள் கதைத்து முடிவெடுத்திருக்கிறோம். இந்த மண்ணில் அதைச் சொல்ல எந்த மனிதனுக்கும் துணிவு வரக்கூடாது.

2000ஆம் ஆண்டு செப்ரெம்பரில், கர்தினால் ராட்சிங்கர் தலைவராக இருந்த காலத்தில், வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் குணமளிக்கும் செபங்கள் பற்றி ஓர் அறிவுறுத்தல் வெளியிட்டது. வெறியூட்டுவது, நாடகமாடுவது, பரபரப்புக் காட்டுவது போன்றவை இருக்கக்கூடாது, குறிப்பாக நடத்துகிறவர்களிடம் இருக்கக்கூடாது என்று அதில் தெளிவாக உண்டு. தவறு நடந்தால் தலையிடும் பொறுப்பு ஆயருக்கு. எனவே பங்குத்தந்தையிடம் நீங்கள் முறையிட்டால் அது ஆவிக்கு எதிரான காரியமாகாது. பயப்படாதேயுங்கோ.

அம்மாவின் ஓசையைப் பற்றி: ஆவியா துக்கமா என்று ஏன் ஒன்றைத் தெரிவு செய்ய வேணும்? சொல்லில் அடங்காத பெருமூச்சுகளால் ஆவியானவரே நமக்காகப் பரிந்து பேசுகிறார் என்று உரோமையருக்கு எழுதிய திருமுகம் 8ஆம் அதிகாரம் சொல்கிறது. சாமுவேல் முதல் நூலில் அன்னா கோயிலில் நின்று உதடு மட்டும் அசையச் செபிக்க, குரு ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்தார். அவள் என் மனத்துயரத்தைக் கொட்டினேன் ஐயா என்றாள். அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

முல்லை உளவளம்:

வணக்கம் ரீச்சர். நான் சைவம், உளவளத்துணையாளராக வேலை செய்கிறேன். ஆவி பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய் அம்மனுக்கு முன்னால் குலுங்கி அழுதுவிட்டு வரும் தாய்மாரை எனக்குத் தெரியும், அடுத்த நாள் அவர்களுக்குச் சோறு இறங்கும். அழ ஒரு இடம், சுற்றிவரச் சனம், தாங்கிப் பிடிக்க ஒரு கை. அம்மாவுக்கு அது கிடைத்ததில் எனக்குச் சந்தோசம்.

பவுலின் பொஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் உடலும் கிடைக்காத, செய்தியும் கிடைக்காத இழப்பைப் பற்றிப் பல வருடம் எழுதியவர். இருக்கிறார், இல்லை என்ற இரண்டையும் ஒரே மனதில் வைத்துக்கொண்டு வாழ்வதுதான் அந்தக் குடும்பங்களின் வேலை, முடிவெடுக்கச் சொல்லி அவர்களை நெருக்கக்கூடாது என்பார். உங்கள் அம்மா அதைத் தானாகவே செய்துகொண்டிருந்தவர். அப்பாவுக்கு விளக்கு, அண்ணாவுக்கு விளக்கில்லை. அது அவர் கண்டுபிடித்த வழி. அந்தப் பிரசங்கியார் அதற்குள் ஒரு திகதியை வைத்துவிட்டார். எனக்குப் பயம் அந்தத் திகதியில்தான். உயிரோடு இருக்கிறான் என்ற நம்பிக்கை அம்மாவிடம் ஏற்கெனவே இருந்தது, அது அவரை விழுத்தவில்லை. மார்கழி 31 வந்து போகும்போது, செய்தி வராவிட்டால், என் விசுவாசம் போதவில்லை என்று தன்னையே குற்றம் சொல்லத் தொடங்குவார். கை தூக்கிய மற்றத் தாய்மாரும்தான்.

சாரத்தை எடுத்து ஒளிக்காதீர்கள். கதவு திருத்தியதைப் பற்றியும் வாதாட வேண்டாம். அண்ணாவைப் பற்றிக் கதைக்க விடுங்கள், சின்னனில் என்ன குழப்படி செய்தவர், என்ன கறி பிடிக்கும், எல்லாம். வருடக் கடைசியில் அம்மாவைத் தனியே விடாதீர்கள். நித்திரையும் சாப்பாடும் குறைந்தால் வைத்தியசாலையில் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

விசுவமடு ரீச்சர்:

மூன்று பேருக்கும் நன்றி. அந்தத் திகதியை இவ்வளவு நாளும் நான் யோசிக்கவே இல்லை. முல்லை அக்கா எழுதியதை வாசித்த பிறகு நெஞ்சு பாரமாகிவிட்டது. எங்கள் ஒழுங்கையிலேயே இன்னும் இரண்டு வீட்டில் அன்று கை தூக்கினவர்கள் இருக்கிறார்கள்.

மூப்பர் ஐயா, மடுவுக்குக் கட்டாயம் போவோம். ஆனால் ஒன்று சொல்ல வேணும், கோபிக்க வேண்டாம். பதினைந்து வருடம் அம்மா என்னோடு செபமாலை சொல்லியிருக்கிறார், அந்த ஓசை ஒருநாளும் வெளியே வந்ததில்லை. அது வரட்டும் என்று அந்தப் பந்தலில் விட்டார்கள். எங்கள் ஞாயிறு பூசையில் யாராவது அப்படி அழுதால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அதைத் திருத்தாமல் அவர்களை மட்டும் பிழை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முருங்கன் அண்ணா, அன்னாவின் கதையை வாசித்துக் காட்டினேன். அம்மா முழுதும் கேட்டார். கேட்டுவிட்டு, "அன்னாவுக்குப் பிள்ளை கிடைச்சதுதானே, பிள்ளை" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. என்ன சொல்லியிருக்க வேணும்?

முருங்கன் செபக்குழு:

தங்கச்சி, அதற்கு உடனே பதில் சொல்லாமல் விட்டதே நல்லது. ஆனால் திரும்ப வாசிக்கும்போது ஒரு இடத்தில் நிறுத்துங்கள். முதல் அதிகாரம், 18ஆம் வசனம். அன்னா செபித்துவிட்டுப் போய்ச் சாப்பிட்டாள், அதற்குப் பிறகு அவள் முகம் வாடியிருக்கவில்லை. பிள்ளை அப்போது இன்னும் வயிற்றில்கூட இல்லை. அம்மா அன்றிரவு தூங்கினார் என்று எழுதினீர்களே, அது அவருக்குக் கிடைத்தது. அதை யாரும் திகதி போட்டுத் தரவில்லை.

இன்னொன்று. இணைச் சட்டம் 18ஆம் அதிகாரத்தின் கடைசியில், ஆண்டவர் பெயரால் சொல்லப்பட்டது நடக்காவிட்டால் அது ஆண்டவர் சொன்னதல்ல என்று இருக்கிறது. சொன்னவரின் துணிவு அது, கேட்டவரின் விசுவாசக் குறை இல்லை. மார்கழிக்கு முதலே இதை அம்மாவுக்கும் அந்த இரண்டு வீட்டுக்கும் மெதுவாகச் சொல்லி வையுங்கள்.

கூட்டிப்போவதைப் பற்றி நான் நினைப்பது: அந்தப் பிரசங்கியார் பேசும் கூட்டத்துக்கு இப்போது வேண்டாம். உங்கள் பக்கத்துச் செபக்குழு கிழமையில் ஒருநாள் கூடுமென்றால் அங்கே போங்கள், முழங்கையைப் பிடித்த அக்கா இருக்கிற இடத்துக்கு. புகழ்ச்சியும் இருக்கும், அம்மாவைப் பெயர் சொல்லித் தெரிந்த ஆட்களும் இருப்பார்கள்.

விசுவமடு ரீச்சர்:

அந்த அக்காவைச் சந்தையில் கண்டு கதைத்தேன். புதன்கிழமைகளில் ஒரு வீட்டில் கூடுகிறார்களாம், பத்துப் பன்னிரண்டு பேர்தானாம். மைக் இல்லை. மேடையில் நடந்தது தனக்கும் அன்றைக்கே குத்தியது, ஆனால் சொல்லப் பயந்து இருந்தேன் என்றார். நாங்கள் இருவருமாகப் பங்குத்தந்தைக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். பெயர் வைத்து யாரையும் தாக்கவில்லை. எங்கள் பங்கில் இனி எந்தக் கூட்டம் நடந்தாலும் காணாமலாக்கப்பட்டவர்களைப் பற்றி மேடையிலிருந்து ஒருவரும் வாக்குச் சொல்லக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட வேணும், கை தூக்கிய தாய்மாரின் வீடுகளுக்குப் பாதர் ஒருமுறை போய்வர வேணும், இவ்வளவும்தான் கேட்டிருக்கிறோம். ஞாயிறு பூசைக்குப் பிறகு கையில் கொடுக்கிறோம். அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். தானும் கையெழுத்து வைக்கிறேன் என்று பேனையைக் கேட்டார்.